வாசகர் கேள்விகள்: ‘கெட்’ என்னும் ஆங்கில வினைச்சொல்

கேள்வி: அகராதியில் ‘கெட்’ என்ற சொல்லுக்கு நேரே பெறு, வாங்கு, கொண்டுவா, ஆகு, போய்ச் சேர், புரிந்துகொள் என்று பொருள்கள் நீண்டுகொண்டே போகின்றன. மாணவர்கள் அவற்றை மனப்பாடம் செய்ய முயன்று சோர்ந்துபோகிறார்கள். இவற்றையெல்லாம் இணைக்கும் அடிப்படை ஏதேனும் உண்டா?
(பள்ளி ஆசிரியர் ஒருவர், புதுக்கோட்டை)

பதில்: உண்டு. அந்த அடிப்படை பிடிபட்டுவிட்டால், பட்டியலில் பாதிக்கு மேல் மனப்பாடம் செய்ய வேண்டிய தேவையே எழாது. ஆங்கிலத்தில் ஒருவர் எந்த நிலையில் இருக்கிறார் என்பதை ‘பி’ என்ற வினையும் (ஆம், இஸ், ஆர் என்பன அதன் வடிவங்கள்), அவரிடம் என்ன இருக்கிறது என்பதை ‘ஹேவ்’ என்ற வினையும் சொல்கின்றன. இரண்டும் இருக்கும் நிலையை மட்டுமே காட்டுகின்றன. அந்த நிலை எப்போது தொடங்கியது என்பதைக் காட்டுவதில்லை. இல்லாத நிலையிலிருந்து இருக்கும் நிலைக்குள் நுழைகிற மாற்றத்தைச் சொல்லும் பொறுப்பை ‘கெட்’ ஏற்றுக்கொள்கிறது. ‘ஷி இஸ் ஆங்ரி’ என்றால் அவள் கோபமாக இருக்கிறாள். ‘ஷி காட் ஆங்ரி’ என்றால் அவளுக்குக் கோபம் வந்தது (‘காட்’ என்பது ‘கெட்’ வினையின் இறந்தகால வடிவம்). ‘தே ஆர் மேரீட்’ என்றால் அவர்கள் மணமானவர்கள். ‘தே காட் மேரீட்’ என்றால் அவர்கள் மணம் செய்துகொண்டார்கள். ‘ஐ ஹேவ் எ கோல்ட்’ என்றால் எனக்குச் சளி இருக்கிறது. ‘ஐ காட் எ கோல்ட்’ என்றால் எனக்குச் சளி பிடித்தது. ‘வி ஆர் ஹோம்’ என்றால் வீட்டில் இருக்கிறோம். ‘வி காட் ஹோம்’ என்றால் வீடு வந்து சேர்ந்தோம். ‘கெட் மி சம் வாட்டர்’ என்று ஒருவர் கேட்கும்போது, என்னிடம் தண்ணீர் இருக்கும் நிலையை நீ உண்டாக்கு என்றே கேட்கிறார். அதைத்தான் அகராதி ‘கொண்டுவா’ என்று தனிப் பொருளாக எழுதிவைத்திருக்கிறது. நகைச்சுவையைக் கேட்டவர் ‘ஐ கெட் இட்’ என்று சொல்லும்போதும், அதுவரை பிடிபடாத கருத்து இப்போது அவர் வசமாகிவிட்டது என்பதே செய்தி.

மேலே தமிழில் தந்த வாக்கியங்களைக் கூர்ந்து பார்த்தால், நம் மாணவர்கள் எங்கே தடுமாறுகிறார்கள் என்பதும் விளங்கும். தமிழில் கோபம் வருகிறது, சளி பிடிக்கிறது, கடிதம் வருகிறது, வேலை கிடைக்கிறது. இவற்றில் எல்லாம் வந்து சேரும் பொருளே எழுவாயாக நிற்க, மனிதர் ‘எனக்கு’, ‘அவளுக்கு’ என்று நான்காம் வேற்றுமையில் ஒதுங்கிக்கொள்கிறார், அல்லது ‘என்னை’ என்று செயப்படுபொருளாகிறார். ஆங்கிலமோ இந்த இடங்களில் எல்லாம் மனிதரையே எழுவாயாக்கி, வந்து சேர்ந்ததை அவருக்குப் பின்னால் வைக்கிறது. எனவே தனிச்சொல்லுக்குத் தனிச்சொல் என்று பட்டியல் தருவதைவிட, ‘பி’ உள்ள வாக்கியத்தையும் ‘ஹேவ்’ உள்ள வாக்கியத்தையும் கொடுத்து, அதே நிலைக்குள் நுழைவதை ‘கெட்’ கொண்டு எழுதச் சொல்லும் பயிற்சி பெரிதும் பயன் தரும் என்பது என் உறுதியான கருத்து.

ஓர் எச்சரிக்கையும் அவசியம். ‘ஆகு’ என்ற பொருளில் ‘கெட்’ பண்புச்சொல்லைத்தான் ஏற்கும், பெயர்ச்சொல்லை ஏற்காது. அவள் மருத்துவர் ஆனாள் என்பதை ‘ஷி பிகேம் எ டாக்டர்’ என்றே எழுத வேண்டும்; ‘ஷி காட் எ டாக்டர்’ என்று எழுதினால் அவள் ஒரு மருத்துவரை அழைத்துவந்தாள் என்று பொருள் மாறிவிடும். பண்புச்சொற்களிலும் சிலவற்றை வேறு வினைகள் கைப்பற்றிக்கொண்டிருக்கின்றன. பால் கெட்டுப்போவதும் தலை வழுக்கையாவதும் ‘கோ’ என்ற வினையின் பங்கு. தூங்கிப்போவது ‘ஃபால்’ என்ற வினையின் பங்கு. இவற்றைப் பழகித்தான் அறிய வேண்டும்.

கேள்வி: ‘டிக்கெட்ஸ் ஆர் நாட் கெட்டிங்’ என்று நான் எழுதிய மின்னஞ்சலை மேலாளர் திருத்தினார். டிக்கெட் கிடைக்கவில்லை என்பதைத்தானே எழுதினேன்?
(மென்பொருள் நிறுவன ஊழியர், கோயம்புத்தூர்)

பதில்: மேலாளர் திருத்தியது சரி. ‘கிடை’ என்ற தமிழ் வினைக்குக் கிடைக்கும் பொருள் எழுவாய். ‘கெட்’ என்ற வினைக்கு அதைப் பெறுகிறவர் எழுவாய். டிக்கெட் எதையும் பெறுவதில்லை, நாம்தான் டிக்கெட்டைப் பெறுகிறோம். ஆகவே ‘ஐ குட் நாட் கெட் டிக்கெட்ஸ்’ என்றோ, டிக்கெட்டையே எழுவாயாக வைக்க விரும்பினால் ‘டிக்கெட்ஸ் ஆர் நாட் அவெய்லபிள்’ என்றோ எழுதலாம். ‘ஐ ஆம் நாட் கெட்டிங் யூ’ என்று நம் அலுவலகங்களில் வழங்குவதும் இந்தியாவுக்கு வெளியே சற்று வேறுபட்டு ஒலிக்கும். நீங்கள் சொல்வது விளங்கவில்லை என்பதற்கு அங்கே ‘ஐ டோன்ட் கெட் இட்’ என்பது பேச்சு வழக்கு.

கேள்வி: மறத்தலைக் குறிக்கும் ‘ஃபர்கெட்’, குழந்தை பெறுதலைக் குறிக்கும் ‘பிகெட்’ ஆகியவற்றின் உள்ளே இருப்பதும் இதே ‘கெட்’ தானா?
(வாசகி, யாழ்ப்பாணம்)

பதில்: வேர் ஒன்றே, வந்த வழிதான் வேறு. பழைய ஆங்கிலத்தில் இந்த வேர் முன்னொட்டுகளுடன் சேர்ந்தே பெரும்பாலும் வழங்கியது: மறத்தலுக்கு ஒரு கூட்டுச்சொல், அடைதலுக்கு ஒன்று, உணர்ந்தறிதலுக்கு இன்னொன்று. அவற்றில் நடுவே இருந்த மெய், யகரத்தைப் போல மென்மையாக ஒலித்தது. இன்று நாம் தனியே பயன்படுத்தும் ‘கெட்’, ஸ்காண்டிநேவியாவில் வழங்கிய பழைய நார்ஸ் மொழியின் ‘கெட்டா’ என்ற வினையிலிருந்து வந்தது. 793ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையோர லிண்டிஸ்ஃபார்ன் தீவின் மடத்தைத் தாக்கிய, நார்ஸ் மொழி பேசும் வைக்கிங் மக்கள், அடுத்த நூற்றாண்டில் இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் குடியமர்ந்து உழவு செய்யத் தொடங்கினார்கள். உள்ளூர் மக்களோடு கலந்து வாழ்ந்த அந்தக் காலத்தில் அவர்களுடைய சொற்கள் பல ஆங்கிலத்தில் நிலைத்தன. ‘டேக்’ என்ற வினையும், வானத்தைக் குறிக்கும் ‘ஸ்கை’யும், ‘விண்டோ’வும், ‘தே’ என்ற பிரதிப்பெயருமே அவ்வழி வந்தவை என்றால், அந்த உறவு எவ்வளவு நெருக்கமானது என்பது புரியும். நார்ஸ் மொழியின் வல்லோசைக் ககரமே பின்னர் ‘ஃபர்கெட்’ முதலிய பழைய கூட்டுச்சொற்களிலும் ஏறிக்கொண்டது.

அடைவதையும் மகவு பெறுவதையும் ஒரே வேரால் சொல்வது நமக்கு அயலான வழக்கு அன்று. தமிழின் ‘பெறு’ இரண்டையும் செய்கிறது. “பெறுமவற்றுள் யாமறிவ தில்லை அறிவறிந்த மக்கட்பே றல்ல பிற” என்ற குறளில் இரண்டு பொருளும் அருகருகே நிற்கின்றன. 1611ஆம் ஆண்டின் ஆங்கில விவிலியத்தில், மத்தேயுவின் தொடக்கத்தில் வரும் வம்சவரலாற்றில் ‘பிகெட்’ வினையின் பழைய இறந்தகால வடிவம் அடுக்கடுக்காக வருகிறது. தமிழ் மொழிபெயர்ப்பு அங்கே “ஆபிரகாம் ஈசாக்கைப் பெற்றான்” என்று, தந்தையையே எழுவாயாக்கி, ‘பெறு’ என்ற வினையை மிகப் பொருத்தமாக ஆண்டிருக்கிறது.

கேள்வி: ‘மேக்’, ‘ஹேவ்’, ‘கெட்’ மூன்றுமே ஒருவரைச் செய்ய வைத்தலைக் குறிக்கும் என்று பயிற்சி நூலில் உள்ளது. ஒன்றுக்குப் பதிலாக இன்னொன்றை எழுதலாமா?
(போட்டித் தேர்வுக்குப் படிக்கும் மாணவி, மதுரை)

பதில்: எழுதக் கூடாது. ‘மேக்’ என்பதில் வற்புறுத்தல் இருக்கிறது. செய்தவருக்கு விருப்பம் இல்லாமலும் இருக்கலாம். ‘ஹேவ்’ என்பதில், யாருடைய வேலையோ அவரிடம் சொல்லிச் செய்வித்தல் இருக்கிறது. ‘கெட்’ என்பதிலோ பேசி இணங்கவைத்தலோ, சிறிது முயற்சியோ அடங்கியிருக்கிறது: ‘ஐ காட் ஹிம் டு ஸைன்’ என்றால், எப்படியோ அவரைச் சம்மதிக்கச் செய்து கையெழுத்து வாங்கினேன் என்பது போன்ற தொனி. தேர்வில் அடிக்கடி கேட்கப்படும் வேறுபாடு, மூன்றில் ‘கெட்’ மட்டுமே அடுத்த வினைக்கு முன் ‘டு’ வேண்டும் என்பது. ‘மேட் ஹிம் ஸைன்’, ‘ஹேட் ஹிம் ஸைன்’ என்பவற்றில் அது வராது.

செய்தவரைச் சொல்லாமல் செய்யப்பட்ட பொருளை மட்டும் சொல்லும் அமைப்பு இதைவிடச் சுவையானது. ‘ஐ காட் மை ஃபோன் ரிப்பேர்ட்’ என்பதும் ‘ஐ காட் மை ஃபோன் ஸ்டோலன்’ என்பதும் அமைப்பில் ஒன்றே. முதலாவதில் நானே கடைக்குக் கொடுத்துப் பழுது நீக்கி வாங்கினேன். இரண்டாவதில் கைப்பேசியைத் திருடனிடம் பறிகொடுத்தேன். விரும்பிச் செய்வித்ததா, விரும்பாமல் நேர்ந்ததா என்பதை இலக்கணம் சொல்வதில்லை. கேட்பவரின் உலக அறிவே முடிவு செய்கிறது. இதற்கு அடுத்த படிதான் ‘ஹி காட் ப்ரமோட்டட்’, ‘ஹி காட் பீட்டன்’ என்று வரும் செயப்பாட்டு வாக்கியம். ‘பி’ கொண்டு அமைக்கும் செயப்பாட்டு வினை நிலையையும் நிகழ்வையும் பிரிக்காமல் சொல்லும் இடங்களில், ‘கெட்’ நிகழ்வை மட்டும் சொல்கிறது. அது எழுவாய்க்கு நன்மையாகவோ தீங்காகவோ நேர்ந்தது என்ற உணர்வையும் பெரும்பாலும் சேர்த்துத் தருகிறது.

இதைத் தமிழில் எப்படி உணர்த்துவது என்று ஆசிரியர்கள் தயங்க வேண்டியதில்லை. ‘அவன் அடிக்கப்பட்டான்’ என்று நாம் வீட்டில் பேசுவதில்லை. ‘அடி வாங்கினான்’, ‘திட்டு வாங்கினான்’, ‘உதை வாங்கினான்’ என்றுதான் பேசுகிறோம். பெறுதலைக் குறிக்கும் வினையைக் கொண்டே செயப்பாட்டைச் சொல்லும் இந்த வழக்கு, ஆங்கிலம் ‘கெட்’ கொண்டு செய்வதோடு ஏறத்தாழ ஒத்துப்போகிறது. இரண்டு மொழிகளும் ஒன்றைப் பார்த்து ஒன்று கற்றுக்கொள்ளாமல் இந்த இடத்தில் சந்தித்திருப்பது எனக்குப் பெரும் மகிழ்ச்சி தருகிறது.

கேள்வி: பேருந்திலிருந்து இறங்குவது ‘கெட் டவுன்’ தானே?
(ஓய்வு பெற்ற நடத்துநர், திருநெல்வேலி)

பதில்: இந்தியாவில் எல்லோருக்கும் புரியும். பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் ‘கெட் ஆஃப்’ என்பார்கள். ‘கெட் டவுன்’ அங்கே ஏணி, மரம், சுவர் போன்ற உயரத்திலிருந்து கீழே வருவதற்கு உரியது. எழுந்து நின்று நடமாடக் கூடிய பேருந்து, ரயில், கப்பல், விமானம் ஆகியவற்றுக்கு ஏறும்போது ‘ஆன்’, இறங்கும்போது ‘ஆஃப்’. கார், ஆட்டோ போன்றவற்றுக்கு ‘இன்’, ‘அவுட்’. சைக்கிளுக்கும் குதிரைக்கும் மேலே அமர்வதால் ‘ஆன்’, ‘ஆஃப்’.

கேள்வி: ஆங்கிலத்தில் அதிகப் பொருள்கள் கொண்ட வினை ‘கெட்’ தானா?
(கல்லூரி மாணவர், வேலூர்)

பதில்: இல்லை. ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் 1989ஆம் ஆண்டுப் பதிப்பில் ‘செட்’ என்ற வினையின் பதிவே மிக நீளமானது. பின்னர் நடந்த திருத்தத்தில் ‘ரன்’ அதைத் தாண்டியது. 2011இல் வெளிவந்த செய்திகளின்படி ‘ரன்’ வினைக்கு மட்டும் 645 பொருள்கள் பிரித்துக் காட்டப்பட்டன.

கேள்வி: கட்டுரையில் ‘கெட்’ எழுதினால் மதிப்பெண் குறையும் என்கிறார்கள். அது கொச்சைச் சொல்லா?
(பன்னிரண்டாம் வகுப்பு மாணவி, சேலம்)

பதில்: கொச்சை அன்று. சிறந்த எழுத்தாளர்கள் எல்லாக் காலத்திலும் எழுதிய சொல் அது. ஆனால் பொருள் பரந்து கிடப்பதால், துல்லியம் வேண்டிய இடத்தில் வாசகரை ஊகிக்க விடுகிறது. 1755இல் தம் அகராதியை வெளியிட்ட சாமுவேல் ஜான்சன், பொருளை வரையறுக்க முடியாமல் தமக்கு உழைப்பைப் பெருக்கிய பொதுவினைகள் என்று முன்னுரையில் ஒரு வரிசை தருகிறார். அதில் ‘கெட்’ இடம்பெற்றிருக்கிறது. ஆகவே அறிக்கையிலும் ஆய்வுக் கட்டுரையிலும் ‘ரிசீவ்’, ‘அப்டெய்ன்’, ‘பிகம்’ என்று இடத்துக்கேற்ற சொல்லை எழுதுங்கள். பேச்சிலும் நண்பருக்கு எழுதும் கடிதத்திலும் அவ்வாறு மாற்றாதீர்கள். ‘ஐ அப்டெய்ன்ட் சம் மில்க்’ என்று யாரும் பேசுவதில்லை.

கேள்வி: ‘ஹேவ்’ உடன் சேர்ந்து வரும் ‘கெட்’டின் வடிவத்தை அமெரிக்காவில் இருக்கும் மகன் ‘காட்டன்’ என்று எழுதுகிறான், நாங்கள் ‘காட்’ என்றே படித்தோம். எது சரி?
(வாசகர், கும்பகோணம்)

பதில்: இரண்டும் சரி. ‘காட்டன்’ அமெரிக்கர்கள் புதிதாக உண்டாக்கியது அன்று. முன்பு இங்கிலாந்தில் வழங்கி, அங்கே பெரும்பாலும் கைவிடப்பட்டு, கடல் கடந்தவர்களிடம் பிழைத்த பழைய வடிவம் அது. ‘ஃபர்காட்டன்’ என்ற சொல்லில் இங்கிலாந்தும் அதை இன்றுவரை வைத்திருக்கிறது.

அமெரிக்கர்கள் இரண்டையும் வைத்துக்கொண்டு ஒரு நுட்பமான வேறுபாட்டைப் பேணுகிறார்கள். ‘ஐ ஹேவ் காட் எ கார்’ என்றால் என்னிடம் கார் இருக்கிறது. ‘ஐ ஹேவ் காட்டன் எ கார்’ என்றால் கார் வாங்கியிருக்கிறேன். ‘ஐ ஹேவ் காட் டு கோ’ என்றால் நான் போயே ஆக வேண்டும். ‘ஐ ஹேவ் காட்டன் டு கோ’ என்றால் போகும் வாய்ப்பு எனக்குக் கிடைத்திருக்கிறது. பிரிட்டிஷ் வழக்கில் இவற்றுக்கெல்லாம் ‘காட்’ ஒன்றே நிற்பதால், சூழலைப் பார்த்தே பொருள் கொள்ள வேண்டும். நம் பள்ளித் தேர்வுகள் பிரிட்டிஷ் வழக்கைத் தழுவியிருப்பதால், இங்கே எழுதுவோர் ‘காட்’ என்று எழுதுவது பாதுகாப்பானது. மகன் தன் அலுவலகத்தில் ‘காட்டன்’ என்று எழுதுவதைத் திருத்த வேண்டாம்.