பால் பேரிங் டர்போவுக்கு மாறும்போது ஆயில் லைனில் என்னென்ன மாற்ற வேண்டும்?

ஜர்னல் பேரிங் டர்போவைக் கழற்றிவிட்டு பெரிய பால் பேரிங் டர்போ போடுகிறேன், பழைய ஆயில் லைனையே வைத்துக்கொள்ளலாமா, ரெஸ்ட்ரிக்டர் (ஆயில் ஓட்டத்தைக் குறைக்கும் சிறு துளையுள்ள துண்டு) கட்டாயமா என்று கேட்டிருக்கிறீர்கள். லைனின் அளவு பெரும்பாலும் போதும். ஆனால் அதில் போகும் ஆயிலின் அளவைக் குறைத்தே ஆக வேண்டும். அதைவிட முக்கியம், டர்போவிலிருந்து ஆயில் வெளியேறும் வழி. பலரும் ஆயில் போகும் பக்கத்துக்குத் தரமான ஹோஸ் வாங்குகிறார்கள், திரும்பும் பக்கத்தில் கைக்குக் கிடைத்த குழாயைச் செருகிவிடுகிறார்கள். புது டர்போ புகைவதற்குப் பெரும்பாலும் அதுதான் காரணம்.

முதலில், ஏன் குறைவான ஆயில் என்று பார்ப்போம். ஜர்னல் பேரிங்கில் ஷாஃப்ட் ஆயில் படலத்தின் மேல் மிதக்கிறது. அச்சுத் திசையில் வரும் தள்ளுவிசையைத் தாங்கவும் தனியாக ஒரு த்ரஸ்ட் பேரிங் உண்டு. இரண்டுக்கும் பிரஷரோடு நிறைய ஆயில் வேண்டும். பால் பேரிங் கார்ட்ரிட்ஜில் (பேரிங்குகள் ஒன்றாகப் பொருத்தப்பட்ட உறை) பந்துகளே இரு திசை விசையையும் தாங்குகின்றன. பந்துகளை நனைக்க, சூட்டை எடுத்துச் செல்ல, கார்ட்ரிட்ஜுக்கும் ஹவுசிங்குக்கும் நடுவே அதிர்வை உள்வாங்கும் மெல்லிய படலத்தை நிரப்ப என்று கொஞ்சம் ஆயில் போதும். பழையபடி திறந்துவிட்டால் மிச்ச ஆயில் ஹவுசிங்கில் தேங்கும். டர்போ ஷாஃப்ட்டில் இருப்பது ரப்பர் சீல் இல்லை, பிஸ்டன் ரிங் மாதிரியான ஒரு வளையம். கேஸ் அழுத்தத்தின் துணையோடுதான் அது ஆயிலைத் தடுக்கிறது. ஹவுசிங்குக்குள் ஆயில் மட்டம் ஏறிவிட்டால் அதைத் தாண்டி டர்பைன் பக்கமோ கம்ப்ரஸர் பக்கமோ வெளியே வரும். டர்போ முற்றிலும் புதிதாக இருந்தாலும் வரும்.

ரெஸ்ட்ரிக்டர் விஷயத்தில், எதையும் வாங்கும் முன் டர்போவின் ஆயில் இன்லெட்டுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள், தயாரிப்பாளரின் தாளையும் படியுங்கள். இப்போதைய பல மாடல்களில் ரெஸ்ட்ரிக்டர் உள்ளேயே இருக்கிறது. அதற்கு வெளியே இன்னொன்று போட்டால் பேரிங் பட்டினி கிடக்கும். ஒரே அளவுள்ள இரண்டு துளைகள் வரிசையாக வந்தால், அதே பிரஷரில் ஆயில் ஓட்டம் ஏறக்குறைய 70 சதவீதமாகக் குறைந்துவிடும். உங்கள் பழைய பான்ஜோ போல்ட்டையும் (ஆயில் லைனை இணைக்கும், உள்ளே துளையுள்ள போல்ட்) கழற்றிப் பாருங்கள். சிலவற்றில் துளையே சிறியதாக இருக்கும், சிலவற்றுக்குள் சின்ன வலை வடிகட்டி இருக்கும். அந்த வலை காலப்போக்கில் கசடு பிடித்து அடைத்துக்கொள்ளும்.

உள்ளே இல்லையென்றால் வெளியே போட வேண்டும். வழக்கமான அளவு 0.040 அங்குலம், அதாவது சுமார் 1 மி.மீ. துளை. இதில் கண்ணளவு வேலைக்கு ஆகாது. 1 மி.மீ.க்குப் பதில் 1.5 மி.மீ. துளை போட்டால் பரப்பு 2.25 மடங்கு, ஆயிலும் ஏறத்தாழ அவ்வளவு கூடும். 0.8 மி.மீ. ஆக்கினால் 64 சதவீதம்தான் போகும். நீங்களே துளை போடுவதாக இருந்தால் விளிம்பில் பிசிறு இல்லாமல் எடுத்து, கழுவி, காற்றடித்துவிட்டுப் பொருத்துங்கள். 1 மி.மீ. துளையை அடைக்க ஒரு உலோகத் துணுக்கே போதும்.

துளை சரியா என்பதை கேஜ்தான் சொல்ல வேண்டும். டர்போ தயாரிக்கும் கேரட் (Garrett) நிறுவனம் தன் பால் பேரிங் டர்போக்களுக்குச் சொல்வது, எஞ்சினின் உச்ச சுழற்சியில் டர்போ இன்லெட்டில் 40 முதல் 45 பிஎஸ்ஐ, சுமார் 3 பார். இதை ரெஸ்ட்ரிக்டருக்கு அப்புறம், டர்போவுக்கு முன்னால் அளக்க வேண்டும். அந்த இடத்தில் தற்காலிகமாக ஒரு T வடிவ ஃபிட்டிங் வைத்து மெக்கானிக்கல் கேஜ் மாட்டுங்கள். ஆயில் நன்றாகச் சூடேறிய பிறகு ஆர்பிஎம் ஏற்றிப் பாருங்கள். குளிர்ந்த எஞ்சினில் பிரஷர் எப்போதும் அதிகமாகவே காட்டும், அதை வைத்து முடிவெடுக்க வேண்டாம். டாஷ்போர்டில் இருக்கும் கேஜ் மெயின் கேலரியைத்தான் (எஞ்சினின் முக்கிய ஆயில் பாதை) காட்டுகிறது, டர்போவை அல்ல. 1 மி.மீ. போட்டும் பிரஷர் கூடுதலாக இருந்தால் துளையை இன்னும் சுருக்காதீர்கள். அதிக கொள்ளளவு ஆயில் பம்ப் போட்டிருக்கிறதா, ரிலீஃப் வால்வு சரியாகத் திறக்கிறதா என்று பாருங்கள். டர்போ லைனுக்கென்றே பிரஷர் ரெகுலேட்டர்களும் கிடைக்கின்றன.

ஆயிலை எங்கிருந்து எடுக்கிறீர்கள் என்பதும் கவனிக்க வேண்டியது. ஃபில்டருக்குப் பிறகு, மெயின் கேலரியிலிருந்து எடுப்பது நல்லது. சிலிண்டர் ஹெட்டின் மேல்பகுதியில் பிரஷர் ஏற்கெனவே குறைந்திருக்கும், அங்கிருந்து எடுத்து ரெஸ்ட்ரிக்டரும் போட்டால் சூடான ஐடிலில் டர்போவுக்கு எதுவும் மிஞ்சாது. லைனுக்கு 3 ஏஎன் அல்லது 4 ஏஎன் ஹோஸ் போதும் (ஏஎன் என்பது ஹோஸின் அளவெண், எண் கூடினால் குழாய் பெரிது), டெஃப்லான் உட்குழாயும் ஸ்டீல் பின்னலும் உள்ளதாக இருக்கட்டும். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்குப் பக்கத்தில் போகும் இடத்தில் வெப்ப உறை போடுங்கள். டெஃப்லான் டேப், சிலிகான் பேஸ்ட் இரண்டும் இந்த லைனில் வேண்டவே வேண்டாம். பிய்ந்த நூல் ஒன்று நேராகப் போய் ரெஸ்ட்ரிக்டரில் உட்காரும். ஹோஸை வெட்டினால் உள்ளே தூளும் கம்பித் துணுக்கும் நிச்சயம் இருக்கும், இரண்டு பக்கமும் அலசிவிட்டு மாட்டுங்கள். லைனில் தனி ஃபில்டர் வைப்பதாக இருந்தால் கழற்றிக் கழுவக்கூடிய ஸ்டீல் வலை வாங்கி, ஒவ்வொரு ஆயில் மாற்றத்தின்போதும் திறந்து பாருங்கள். கவனிக்காமல் விட்ட ஃபில்டர், ஃபில்டரே இல்லாததைவிட ஆபத்து.

இனி டிரெயின், அதாவது டர்போவிலிருந்து ஆயில் திரும்பும் வழி. பேரிங்கைத் தாண்டியதும் ஆயிலுக்குப் பிரஷர் கிடையாது. நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றைத் தாண்டும் ஷாஃப்ட் அதை அடித்து நுரையாக்கிவிடுகிறது. அந்த நுரை தன் எடையால் மட்டுமே கீழே இறங்க வேண்டும். அதனால்தான் 4 ஏஎன் குழாயில் வந்த ஆயிலுக்கு வெளியேற 10 ஏஎன் தேவைப்படுகிறது. இதற்குக் குறைய வேண்டாம், டர்போவின் டிரெயின் வாயைவிடச் சிறிதாகவும் ஆக வேண்டாம். டிரெயின் வாய் செங்குத்திலிருந்து இருபுறமும் 35 டிகிரிக்குள் கீழ்நோக்கி இருக்க வேண்டும். ஹோஸ் வழி நெடுகத் தொடர்ந்து இறங்க வேண்டும். நடுவில் தொய்ந்து மறுபடி ஏறினால் அந்தப் பள்ளத்தில் ஆயில் நின்றுவிடும். சம்ப்பில் (எஞ்சினின் அடியிலுள்ள ஆயில் தொட்டி) சேரும் இடம் ஆயில் மட்டத்துக்கு மேலே, கிராங்க் சுழன்று ஆயிலை வீசியடிக்கும் பாதைக்கு விலகி இருக்க வேண்டும். டர்போ மிகத் தாழ்வாக இருந்து இப்படி அமைக்க முடியாவிட்டால் ஆயிலை உறிஞ்சி சம்ப்புக்கு அனுப்பும் ஸ்கேவெஞ்ச் பம்ப் வைப்பதைத் தவிர வழியில்லை.

அவசியம் செய்ய வேண்டிய ஒரு சின்னச் சோதனை: டிரெயின் கேஸ்கட்டை ஃபிளாஞ்சின் மேல் வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். கேஸ்கட்டின் ஓரம் துளைக்குள் நீட்டிக்கொண்டு அரைநிலவு போலத் தெரிந்தால் வெட்டிச் சரிசெய்யுங்கள். அந்த ஃபிளாஞ்சிலும் சீலன்ட் பூசாதீர்கள், இறுக்கும்போது உள்பக்கம் பிதுங்கி வழியை அடைக்கும்.

கிராங்க்கேஸ் அழுத்தமும், அதாவது கிராங்க் சுழலும் எஞ்சின் அடிப்பகுதிக்குள் இருக்கும் அழுத்தமும், இதோடு சேர்ந்ததுதான். அந்தக் காற்றை வெளியேற்றும் பிசிவி வால்வு அடைத்திருந்தாலோ பிஸ்டன் ரிங் தேய்ந்திருந்தாலோ, சம்ப்பிலிருந்து மேலே தள்ளும் காற்று டிரெயினில் இறங்கும் ஆயிலைத் தடுக்கும். பூஸ்ட் கூட்டினால் இந்த அழுத்தமும் கூடும், எனவே பிரீதர் குழாய்களையும் பெரிதாக்குங்கள்.

கூலன்ட் லைனை ஒதுக்கிவிட்டு ஆயில் மட்டும் கொடுக்க நினைத்தால் வேண்டாம். எஞ்சினை நிறுத்திய பிறகு டர்பைன் பக்கத்துச் சூடு பேரிங்குக்கு ஏறும், அங்கே நிற்கும் ஆயில் கரியாகப் படியும். தண்ணீர் தாழ்ந்த துளையில் நுழைந்து உயர்ந்த துளையில் வெளியேறும்படி கொடுத்தால், எஞ்சின் நின்ற பின்பும் சூட்டாலேயே சிறிது நேரம் சுற்றிக்கொண்டிருக்கும்.

முதல் ஸ்டார்ட்டுக்கு முன் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றுங்கள். இன்லெட்டில் கொஞ்சம் எஞ்சின் ஆயில் விட்டு ஷாஃப்ட்டைக் கையால் சுழற்றுங்கள். ஃபியூயலையும் இக்னிஷனையும் துண்டித்து, 10 முதல் 15 விநாடி செல்ஃப் அடித்து, ஆயில் பிரஷர் ஏறும்வரை இடைவெளி விட்டுத் திரும்பச் செய்யுங்கள். பிறகு ஸ்டார்ட் செய்து சில நிமிடம் ஐடிலில் விட்டு, எல்லா இணைப்பிலும் கசிவு பாருங்கள். அதுவரை ஆக்ஸிலரேட்டரைத் தொட வேண்டாம்.

அதற்குப் பிறகும் சூடான ஐடிலில் நீலப் புகை வந்தால் டர்போவைக் கழற்ற அவசரப்படாதீர்கள். டிரெயின் ஹோஸை சம்ப் பக்கம் கழற்றி, டர்போவுக்கு நேர்கீழே ஒரு பாத்திரத்தில் விடுங்கள், சம்ப்பில் திறந்த வாயை அடைத்துவிடுங்கள். ஆயில் மட்டத்தைக் கவனித்தபடி ஒரு நிமிடம் ஐடிலில் மட்டும் ஓட்டுங்கள். ஏற்கெனவே குழாயில் கிடக்கும் ஆயில் எரிந்து தீரச் சற்று நேரமாகும் என்பதால் சிலமுறை செய்ய வேண்டியிருக்கலாம், ஒவ்வொரு முறையும் பாத்திரத்து ஆயிலைத் திருப்பி ஊற்றிவிடுங்கள். புகை குறைந்தால் கோளாறு டிரெயின் பாதையிலோ கிராங்க்கேஸ் அழுத்தத்திலோ இருக்கிறது. குறையாவிட்டால் ரெஸ்ட்ரிக்டருக்குப் பின்னுள்ள பிரஷரை மறுபடி அளங்கள். அதுவும் சரியாக இருந்தால்தான் சீலைச் சந்தேகிக்க வேண்டும்.