வெயிட்லிஸ்ட்ல நிக்கற பிள்ளைங்க, தூங்காத அப்பா அம்மா: மே 1-க்கு முன்னாடி ஒரு கேள்வி பதில்

அமெரிக்காவுல காலேஜ் ஆடிஷன் பிள்ளைங்களுக்கு பியானோ வாசிக்கறதும் பாட்டு கோச்சிங் குடுக்கறதும்தான் என் வேலை. மியூசிக்கல் தியேட்டர், வாய்ஸ், ஆக்டிங் பத்தி கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன். விசா, லோன் எல்லாம் என்கிட்ட வேணாம். முதல்லயே ஒண்ணு: உங்கள "வா"ன்னு கூப்பிட்ட காலேஜ் ஒண்ணுல மே 1-க்குள்ள சீட்ட உறுதி பண்ற டெபாசிட் போட்டுடுங்க, பெரும்பாலான காலேஜுக்கு அதுதான் கடைசி தேதி. இத இன்னும் நாலு தடவ சொல்லுவேன்.

நியூஜெர்சி அம்மா: அக்கா, பொண்ணு மூணு மியூசிக்கல் தியேட்டர் பிஎஃப்ஏ-வுல (கலைக்கான டிகிரி) வெயிட்லிஸ்ட். எத்தனாவது நம்பர்னு கேட்டா சொல்லவே மாட்டேங்கறாங்க. தெரிஞ்சுக்க வழி இருக்கா?

பெரும்பாலும் நம்பரே கிடையாதும்மா, அப்புறம் எங்க சொல்லுவாங்க. நம்ம ஊரு ரயில் டிக்கெட்ல முன்னாடி 14 பேர் கேன்சல் பண்ணா நமக்கு பெர்த் வரும்ல, அந்த கணக்கு இங்க செல்லாது. பேர் போன ப்ரோக்ராம்ல ஒரு பேட்ச்சுக்கு 20 பேர் அளவுலதான் எடுப்பாங்க, அவங்களே நாலு வருஷம் சேர்ந்து ஷோ பண்ணணும், அதனால உயரமா ஒரு பாரிடோன் (நடுத்தர ஆண் குரல்), டான்ஸ்ல பிச்சு உதர்ற ரெண்டு பேர், காமெடி வர்ற ஒரு பொண்ணுன்னு பார்த்து பார்த்து கோர்ப்பாங்க. டெனர் (மேல் ஸ்தாயி ஆண் குரல்) பையன் ஒருத்தன் வேற காலேஜுக்கு போனான்னா லிஸ்ட்ல டெனரத்தான் தேடுவாங்க, சொப்ரானோ, அதாவது மேல் ஸ்தாயி பொண்ணு, எவ்ளோ நல்லா பாடினாலும் அந்த இடம் அவளுக்கு இல்ல. கிளாசிக்கல்லயும் இதே கதைதான், ஓபோ, பசூன் மாதிரி கம்மி பேர் எடுக்கற ஊது வாத்தியம் வாசிக்கறவங்களுக்கு சட்டுனு போன் வரும், புல்லாங்குழல் கூட்டம் காத்துக்கிட்டே இருக்கும். இதுல மிச்சிகன் மாதிரி இடத்துல ஆடிஷன் தேர்வு தனி, யூனிவர்சிட்டி அட்மிஷன் தனி, ரெண்டும் சரின்னாத்தான் சீட். எதுல வெயிட்லிஸ்ட்னு மெயில இன்னொரு தடவ படிச்சு பாருங்க.

டல்லாஸ் அப்பா: ஆர்வம் இன்னும் இருக்குன்னு லெட்டர் எழுதணுமாமே. நான் எழுதவா, பையன் எழுதவா?

பையன்தான். நீங்க எழுதினா முதல் வரியிலயே தெரிஞ்சுடும் அண்ணா. போர்ட்டல்ல "லிஸ்ட்ல இருக்கேன்"னு டிக் பண்ணாம லெட்டர் அனுப்பறவங்களும் உண்டு, அத முதல்ல முடிங்க. லெட்டர் பத்து வரிக்கு மேல போக வேணாம், பையன் இப்படி எழுதினா போதும்: என் பேர், என் வாய்ஸ் டைப், சிகாகோவுல இன்ன தேதி ஆடிஷன் பண்ணேன். நீங்க ரெண்டாவது பாட்ட உக்காந்துக்கிட்டு பாடச் சொன்னீங்க, அது எனக்கு புதுசா இருந்துச்சு. அதுக்கப்புறம் ஸ்கூல் ஷோவுல இந்த ரோல் பண்ணேன். இடம் குடுத்தா கண்டிப்பா வர்றேன். நன்றி. அவ்ளோதான். அந்த கடைசி உறுதி ஒரு காலேஜுக்கு மட்டும்தான், நிஜமா இருந்தாத்தான் எழுதணும். வீடியோ, சிபாரிசு எதுவும் அனுப்பாதீங்கன்னு அவங்க சொல்லியிருந்தா அனுப்பாதீங்க. அனுப்பலாம்னா புதுசா ஒரே ஒரு பாட்டு, போன பக்கவாட்டுல திருப்பி வச்சு, வெறும் சுவருக்கு முன்னாடி, எடிட்டிங் இல்லாம.

ஹூஸ்டன் அம்மா: அரங்கேற்றம் வீடியோ அனுப்பலாமா?

மூணு மணி நேர அரங்கேற்றத்த யாரும் உக்காந்து பாக்க மாட்டாங்கம்மா. ரெண்டு நிமிஷ அபிநயம் வெட்டி அனுப்பலாம், அதுவும் கேட்டிருந்தா. டான்ஸ் பிஎஃப்ஏ பெரும்பாலும் பாலே, மாடர்ன்தான். நம்ம கலைதான் முக்கியம்னா வேற மாதிரி காலேஜ் தேடணும். பாலசரஸ்வதி 1962-லயே வெஸ்லியன் யூனிவர்சிட்டியில பரதம் சொல்லிக்குடுத்திருக்காங்க, அவங்க தம்பி, புல்லாங்குழல் டி. விஸ்வநாதன் அங்கயே ரொம்ப வருஷம் வாத்தியாரா இருந்தார். அது தனியா கேளுங்க, ஆசையா பேசலாம்.

அட்லாண்டா அப்பா: பையன் எத்தனாவது இடத்துலன்னு கண்டுபிடிக்க...

மேல நியூஜெர்சி அம்மாவுக்கு சொன்னத படிங்க.

கலிஃபோர்னியா அப்பா: ரெண்டு காலேஜ்லயும் டெபாசிட் போட்டு வச்சுக்கிட்டா என்ன? சில நூறு டாலர்தானே, எல்லாரும் பண்றாங்க.

வேணாம் சார். தெரிஞ்சா ரெண்டு காலேஜுமே சீட்ட கேன்சல் பண்ணலாம். 20 பேர் பேட்ச்ல நீங்க சும்மா பிடிச்சு வச்ச இடம்தான் இங்க இன்னொரு வீட்டு பிள்ளை காத்துக்கிட்டிருக்கற இடம்.

கலிஃபோர்னியா அப்பா: 2019-ல அட்மிஷன் கவுன்சிலர் சங்கமே ரூல எடுத்துட்டாங்களே. மே 1-க்கு அப்புறமும் காலேஜுங்க அடுத்தவன் பிள்ளைய இழுக்கலாம், நாங்க மட்டும் யோக்கியமா இருக்கணுமா?

எடுத்தது காலேஜுங்க மேல இருந்த ரூல், அதுவும் அமெரிக்க அரசோட ஜஸ்டிஸ் டிபார்ட்மென்ட் நெருக்கினதால. நீங்க ஃபார்ம்ல "வேற எங்கயும் சேரல"ன்னு டிக் போட்டா அது உங்க வாக்கு, அத எந்த சங்கமும் எடுக்கல.

சிகாகோ அத்தை: அவர் கேக்கறதுல நியாயம் இருக்கு. பிலடெல்ஃபியாவுல யூனிவர்சிட்டி ஆஃப் தி ஆர்ட்ஸ் 2024 மே 31 மூடறோம்னாங்க, ஜூன் 7 மூடிட்டாங்க. ஒரே டெபாசிட் போட்ட பிள்ளைங்க நடுத்தெருவுல.

அது பெரிய கொடுமைதான் அத்தை, மறுக்கல. ஆனா அப்போ டெம்பிள் யூனிவர்சிட்டி மாதிரி பக்கத்து காலேஜுங்க கதவ திறந்தாங்க, ரெண்டாவது டெபாசிட் இருந்தாத்தான் வழின்னு இல்ல. அந்த பயம் இருந்தா காலேஜோட அங்கீகாரமும் பண நெலமையும் எப்படி இருக்குன்னு டெபாசிட்டுக்கு முன்னாடி பாருங்க.

கலிஃபோர்னியா அப்பா: உங்களுக்கு பிள்ளை இருந்தா இப்படி பேச மாட்டீங்க.

ரெண்டு பேர் இருக்காங்க சார். இந்த பஞ்சாயத்த இதோட விடுவோம், இதுக்குள்ள ஒன்பது கேள்வி வந்து நிக்குது, அதுல நாலு "எத்தனாவது நம்பர்". வெயிட்லிஸ்ட் காலேஜ நம்பி மே 1-அ விட்டுடாதீங்க. டெபாசிட் போட்டா வெயிட்லிஸ்ட்ல இருந்து பேர் போயிடாது. கூப்பிட்டாங்கன்னா முதல் காலேஜுக்கு முறையா சொல்லிட்டு, கட்டின காச விட்டுட்டு மாறலாம், அது தப்பில்ல.

பாஸ்டன் தம்பி: ஒரு வருஷம் கேப் எடுத்து திரும்ப ஆடிஷன் பண்ணலாமா?

பண்ணலாம். ஆனா அந்த வருஷம் கம்யூனிட்டி காலேஜ்ல ஃபுல்டைமா சேர்ந்துடாதீங்க, சில இடத்துல ட்ரான்ஸ்ஃபர் மாணவனா கணக்கு பண்ணுவாங்க, முதல் வருஷ ஸ்காலர்ஷிப் கைய விட்டு போகும். டான்ஸ் க்ளாஸ், ஒரு நல்ல டீச்சர், புது பாட்டு புக். அதே ரெண்டு பாட்ட தூக்கிட்டு திரும்ப ஜனவரியில நியூயார்க் யூனிஃபைட்ஸ்ல (பல காலேஜுங்க ஒரே இடத்துல நடத்தற ஆடிஷன்) போய் நிக்காதீங்க.

சியாட்டில் அம்மா: பொண்ணு ரூம விட்டு வரல அக்கா. பாடறதே நின்னு போச்சு.

இதத்தான் முதல்ல கேட்டிருக்கணும்மா. "என்னாச்சு, எங்க சீட்"டுன்னு கேக்கற சொந்தக்காரங்களுக்கு நீங்களே ஒரு வரி அனுப்பிடுங்க, "மே கடைசியில சொல்றோம்"னு, அவள போன் எடுக்க விடாதீங்க. மே 1 அன்னிக்கு ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் காலேஜ் டிஷர்ட் போட்டு இன்ஸ்டாகிராம்ல போடுவாங்க, அன்னிக்கு வெளிய எங்கயாவது கூட்டிட்டு போங்க. ஆடிஷன் பாட்டு ரெண்டையும் கொஞ்ச நாள் மூடி வைக்கட்டும், எட்டு மாசமா அதையே பாடி அதுல இப்போ தீர்ப்பு மட்டும்தான் அவ காதுல கேக்குது. சமையலறையில எதையாவது முணுமுணுத்தா திரும்பி பாக்காதீங்க, "ஏன் நிறுத்திட்ட"ன்னும் கேக்காதீங்க. டெபாசிட் போட்ட காலேஜோட பாட்டு குழு (குவையர்), க்ளாஸ் லிஸ்ட்ட சும்மா திறந்து வைங்க, அவளா பார்த்தா பாக்கட்டும். சாப்பாடு, தூக்கம் ரெண்டும் நாள் கணக்கா கெட்டிருந்தா டாக்டர்கிட்ட போங்க. வாழப் பிடிக்கலன்னு ஒரு வார்த்த வந்தாலும் உடனே 988-க்கு போன் பண்ணுங்க, அமெரிக்காவுல தற்கொலை தடுப்பு உதவி நம்பர் அது, நேரம் காலம் பாக்காதீங்க.

ஒஹாயோ அப்பா: வெயிட்லிஸ்ட்ல சீட் வந்தா ஸ்காலர்ஷிப்பும் வருமா?

பெரும்பாலும் காசு அதுக்குள்ள தீர்ந்திருக்கும். கேளுங்க, ஆனா முழு ஃபீஸ் கட்ட முடியுமான்னு வீட்ல இப்பவே பேசி வைங்க.

வர்ஜீனியா அம்மா: கூப்பிட்டா யோசிக்க எவ்ளோ நேரம் தருவாங்க?

சில சமயம் ஒரு நாள், ரெண்டு நாள்தான். மே, ஜூன் ரெண்டு மாசமும் தெரியாத நம்பர்னு கட் பண்ணாதீங்க, பிள்ளையோட வாய்ஸ்மெயில் ஃபுல்லா இருக்கான்னு இன்னிக்கே பாருங்க, இந்த வயசு பசங்க ஒருத்தரும் அத திறந்தே பாக்கறதில்ல.