பக்கத்து வீட்டுக் குழந்தை தினமும் அடி வாங்குகிறது, நான் என்ன செய்வது?

கேள்வி: திருச்செங்கோடு பக்கம் ஒரு லைன் வீட்டில் குடியிருக்கிறேன். வயது 52, வீட்டிலேயே துணி தைத்துக் கொடுக்கிறேன். பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு இருபத்தைந்துக்குள்தான் இருக்கும். மூத்தவன் நாலு வயது, சின்னது எட்டு மாதப் பெண் குழந்தை. கணவன் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியில் வடக்கே போனால் ஐந்தாறு மாதம் கழித்துத்தான் திரும்புவான். வீட்டை எதிர்த்துக் கல்யாணம் செய்ததால் இரண்டு பக்கத்துச் சொந்தமும் எட்டிப் பார்ப்பதில்லை. வீட்டிலேயே தறிக்கு நூல் தார் சுற்றிக் கொடுத்துச் சம்பாதிக்கிறாள். காலையில் எழுந்தால் பையன் அலறுவது கேட்கிறது. பாயில் மூத்திரம் போய்விட்டான் என்று அடிக்கிறாள். ஒருநாள் கதவைத் தட்டிக் கேட்டேன். "எம் புள்ளைய நான் அடிக்கிறேன், உங்களுக்கென்னங்க்கா" என்று சாத்திவிட்டாள். 1098 குழந்தைகள் உதவி எண்ணுக்குப் போன் செய்தால் போலீஸ் வந்து பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு போய்விடுமா? அவள் கணவன் சண்டைக்கு வருவானா? பேசாமல் இருக்கவும் மனசு கேட்கவில்லை.

பதில்: அம்மா, முதலில் ஒன்றைக் கவனியுங்கள். அந்தப் பையன் உடம்பில் அடையாளம் எங்கே இருக்கிறது?

நாலு வயதுப் பையனுக்கு முட்டியிலும் கணுக்கால் எலும்பிலும் நெற்றியிலும் சிராய்ப்பு இல்லாமல் இருக்காது. ஓடி விழுந்தால் எலும்பு துருத்திய இடங்கள்தான் தரையில் படும். காது, கன்னம், கழுத்து, முதுகு, வயிறு, பின்தொடை ஆகிய இடங்கள் தானாக விழுந்து கன்றிப்போவது அபூர்வம். இரண்டு கோடு பக்கம் பக்கமாகச் சிவந்திருந்தால் அது குச்சியோ ஒயரோ பட்ட தடம். கரண்டி வடிவத்தில் கொப்புளம் இருந்தால் சூடு வைத்திருக்கிறார்கள். படுக்கையை நனைக்கிற பிள்ளைக்குச் சூடு வைத்தால் நின்றுவிடும் என்று சொல்லிக்கொடுக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள், அதனால்தான் இதைத் தனியாகச் சொல்கிறேன். சின்னவள் இன்னும் சரியாக நிற்கக்கூடத் தொடங்கியிருக்க மாட்டாள். அவள் உடம்பில், அதுவும் காதிலோ கழுத்திலோ கன்றல் தெரிந்தால் அலட்சியம் வேண்டாம். சட்டையைக் கழற்றிச் சோதிக்கத் தேவையில்லை. குழாயடியில் குளிப்பாட்டும்போதே தெரிந்துவிடும்.

இதில் ஒன்று இருந்தாலும், பிள்ளையைச் சோறு போடாமல் பூட்டி வைத்தாலும், கைக்குழந்தையைத் தூக்கி உலுக்குவதைப் பார்த்தாலும், மீதியைப் பிறகு படித்துக்கொள்ளுங்கள். 1098-ஐக் கூப்பிடுங்கள்.

அப்படி எதுவும் இல்லை, கையால் முதுகில் இரண்டு சாத்து, கத்தல், அழுகை என்றால், அதுவும் தவறுதான். ஆனால் அதை நிறுத்த உங்களால் நேரடியாகவே நிறையச் செய்ய முடியும்.

2007-ல் மத்திய பெண்கள் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் பேசி ஓர் ஆய்வை வெளியிட்டது. மூன்றில் இரண்டு குழந்தைகள் அடி வாங்கியதாகச் சொன்னார்கள். குடும்பத்துக்குள் அடி வாங்கியவர்களில் 88.6 சதவீதம் பேரை அடித்தது பெற்றவர்களே. "அடியாத மாடு படியாது" என்று பேசியே வளர்ந்த ஊர் நம்முடையது. பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விடும்போது "கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிடுங்க சார்" என்று பெருமையாகச் சொன்ன அப்பாக்களை நானே பார்த்திருக்கிறேன். அதனால் அடிக்கிற எல்லாரையும் கொடுமைக்காரர் பட்டியலில் வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ள முடியாது.

அந்தப் பெண்ணின் காலையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ராத்திரி மூன்று முறை பால் கொடுக்க எழுந்திருப்பாள். விடிந்தால் தார் சுற்றியாக வேண்டும். சுற்றின கணக்குக்குத்தான் காசு. அந்த நேரத்தில் பாய், போர்வை, பையன் டவுசர் எல்லாம் நனைந்து கிடக்கிறது. நாலு நாளைக்கு ஒருமுறை குழாயில் தண்ணீர் வருகிற இடமாக இருந்தால், அந்தப் போர்வையை அலச ஒரு குடம் போதாது. அவள் கை ஓங்குவது பையன்மேல்தான், ஆனால் கோபம் முழுவதும் அவன்மேல் வந்ததில்லை.

நாலு வயதில் படுக்கையை நனைப்பது நோயே இல்லை. ஐந்து வயது முடியும்வரை மருத்துவர்கள் இதற்கு மருந்து பற்றிப் பேசுவதே இல்லை. அதிலும் தங்கச்சி பிறந்த வீட்டில், ஏற்கெனவே நிறுத்திவிட்ட பிள்ளைகூடத் திரும்ப நனைக்கும். வேண்டுமென்று செய்வதில்லை, தூக்கத்தில் அவனுக்குத் தெரியாது. அடித்தால் பயம் கூடும், பயம் கூடினால் இன்னும் நனைப்பான். இதை அந்தப் பெண்ணுக்கு இதுவரை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். மாமியாரோ அம்மாவோ பக்கத்தில் இருந்தால் "சின்னப் பய, போகப் போகச் சரியாயிடும்" என்று சொல்லியிருப்பார்கள். அந்த ஒரு வார்த்தைக்கு ஆள் இல்லாமல் இருக்கிறாள்.

இனி எப்படிப் பேசுவது. இங்கே என்னுடைய தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்த ஆலோசனை வேலைக்கு வந்த இரண்டாம் வருடம், இதே மாதிரி ஒரு தாயின் வீட்டுக்குப் போய்ச் சட்டம் பேசினேன். பொறுப்பில் இருக்கிற குழந்தையைக் கொடுமை செய்தால் இளைஞர் நீதிச் சட்டம் 75-வது பிரிவில் மூன்று வருடம்வரை சிறை என்று சொன்னேன். சொன்னது சரிதான். அவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். அடுத்த வாரம் போனபோது வீடு பூட்டியிருந்தது, வேறு ஊருக்குப் போய்விட்டார்கள். அக்கம்பக்கத்தில் ஒருவருக்கும் இடம் தெரியவில்லை. அந்தப் பையனை அதற்குப் பிறகு நான் பார்க்கவே இல்லை. மிரட்டினால் அடி நிற்காது, கதவுதான் மூடும். ஏற்கெனவே உங்கள் முகத்துக்கு நேராக ஒருமுறை மூடியிருக்கிறது.

அதனால் அடி பற்றிப் பேசாமல் தொடங்குங்கள். நீங்கள் தைக்கிறவர். பழைய காட்டன் புடவையை மடித்து நாலு விரிப்புத் தைத்துக்கொண்டு போங்கள். மெடிக்கல் ஷாப்பில் ரப்பர் ஷீட் கிடைக்கும். பாயின்மேல் ஷீட், அதன்மேல் விரிப்பு. காலையில் விரிப்பை மட்டும் அலசினால் போதும், போர்வையும் பாயும் தப்பிக்கும். "இந்தா கண்ணு, எம் பையனும் ரொம்ப நாளைக்கு நனைச்சிட்டிருந்தான், நானும் ரெண்டு அடி வச்சிருக்கேன், அப்பறந்தான் தெரிஞ்சுது அது அவன் கையில இல்லன்னு" என்று சொல்லுங்கள், அது உண்மையாக இருந்தால் மட்டும். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு தண்ணீரைக் குறைப்பதும், அவள் படுக்கப் போகும்போது பையனை எழுப்பிக் கூட்டிப்போவதும் பேச்சோடு பேச்சாக வரட்டும். பையன் எதிரில் இதைப் பேச வேண்டாம். அவனுக்கும் மானம் உண்டு.

இரண்டாவது, சின்னக் குழந்தையைத் தினம் ஒரு மணி நேரம் வாங்கிக்கொள்ளுங்கள். காலை ஆறிலிருந்து ஏழு என்று வைத்துக்கொண்டால், பையன் எழுந்திருக்கிற அந்த நேரத்தில் அவள் கை காலியாக இருக்கும். "குடு, நான் வச்சிருக்கேன்" என்கிற அளவுக்குத்தான் இது. அடி விழுகிற வீடுகளில் இது செய்கிற வேலையை நான் செய்த எந்த ஆலோசனையும் செய்ததில்லை. கைக்குழந்தை விடாமல் அழுது அவளுக்கு ஆத்திரம் தலைக்கேறினால் என்ன செய்வது என்பதையும் சொல்லி வையுங்கள்: தொட்டிலில் போட்டுவிட்டு வாசலுக்கு வந்துவிட வேண்டும். பத்து நிமிடம் அழுதால் குழந்தைக்கு ஒன்றும் ஆகாது. உலுக்கினால் ஆகும். பிஞ்சுக் குழந்தைக்குத் தலை கனம், கழுத்துக்கு வலு இல்லை. வேகமாக உலுக்கும்போது மூளையைச் சுற்றியுள்ள இரத்தக் குழாய்கள் கிழியும். பார்வை போகலாம், உயிரும் போகலாம். வெளியே ஒரு காயம்கூடத் தெரியாமல் போகலாம்.

நீங்கள் ஒருவரே எல்லாவற்றையும் சுமக்கவும் கூடாது. லைனில் நம்பிக்கையான இன்னொருவரை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். எல்லாரிடமும் சொன்னால் குழாயடிப் பேச்சாகி அவள் காதுக்கே திரும்பிப் போகும். "ஊரே பார்க்கிறது" என்பதற்கும் "ஊர் துணைக்கு இருக்கிறது" என்பதற்கும் நடுவே பெரிய தூரம் இருக்கிறது, அம்மா. சொந்தம் அற்றுப் போனவளுக்கு முதலாவது தாங்காது. யாராவது அடிப்பதை வீடியோ எடுத்து வாட்ஸ்அப்பில் போடலாம் என்றால் கண்டிப்பாகத் தடுங்கள். அப்படி எடுத்தது இருந்தால் அதிகாரிகளிடம் மட்டும் கொடுக்கலாம். பரப்பினால் அவமானம் அந்தப் பையனுக்குத்தான், வளர்ந்த பிறகும் அவனைத் துரத்தும்.

நாலு வயதுப் பிள்ளை பகலிலும் வீட்டில்தான் இருக்கிறானா? தமிழ்நாட்டில் 54 ஆயிரத்துக்கும் மேல் அங்கன்வாடிகள் இருக்கின்றன. இரண்டு வயதிலிருந்தே சேர்த்துக்கொள்வார்கள். மத்தியானச் சாப்பாடு, வாரத்தில் மூன்று நாள் முட்டை, பாட்டு, விளையாட்டு. நம் ஊர்ப் பக்கம் இன்னும் பால்வாடி என்றுதான் சொல்கிறோம். கூட்டிப்போய் விடுவதும் திரும்ப அழைத்து வருவதும்தான் அவளுக்குச் சிரமம் என்றால், அதை லைனில் அங்கே பிள்ளையை அனுப்புகிற யாராவது சேர்த்துச் செய்யலாம். அவளுக்குச் சில மணி நேரம் கிடைக்கும். பையனைத் தினமும் பார்க்கிற இன்னொரு ஜோடிக் கண்ணும் கிடைக்கும். அங்கன்வாடி டீச்சரிடம் மெதுவாகச் சொல்லி வையுங்கள்.

சின்னவளுக்கு ஒன்பது மாதம் முடிந்ததும் தட்டம்மை ஊசி போட வேண்டும். அன்று நீங்களும் கூடப் போங்கள். தூக்கம் வருகிறதா, பசிக்கிறதா, காரணமில்லாமல் அழுகை வருகிறதா என்று கிராம சுகாதார நர்ஸ் அவளிடம் கேட்கட்டும். பிரசவத்துக்குப் பிறகான மனச்சோர்வு முதல் ஒரு வருடம்வரை வரலாம். அது சோம்பேறித்தனம் இல்லை, திமிர் இல்லை, குணப்படுத்தக்கூடிய நோய். 14416 டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம், இலவசம். கணவன் ஊருக்கு வரும்போது அவளுக்கும் அடி விழுகிறது என்று தெரிந்தால் 181 பெண்கள் உதவி எண்.

பஞ்சாயத்து எல்லைக்குள் இருக்கிறீர்கள் என்றால், தலைவர் தலைமையில் கிராம அளவிலான குழந்தைகள் பாதுகாப்புக் குழு என்று ஒன்று இருக்க வேண்டும். பல ஊர்களில் அது பதிவேட்டில் மட்டும் உயிரோடு இருப்பது எனக்கு ஆறாத வருத்தம். வருடத்தில் ஆறு நாள் கிராம சபை கூடுகிறது. "குழுவில் யார் யார், கடைசியாக எப்போது கூடினீர்கள்" என்று எழுந்து கேளுங்கள். இந்த வீட்டுப் பெயரைச் சொல்லாமல் கேளுங்கள்.

ஒரே ஒரு விஷயத்தில் இந்தப் பொறுமை எதுவும் பொருந்தாது. குழந்தையிடம் யாராவது பாலியல் ரீதியாகத் தவறாக நடந்ததாகத் தெரிந்தால், சந்தேகம் வந்தாலே போதும், உடனே புகார் செய்ய வேண்டும். 2012-ன் போக்சோ சட்டத்தில் இது ஒவ்வொருவருக்கும் கட்டாயம். தெரிந்தும் சொல்லாமல் இருந்தால் ஆறு மாதம்வரை தண்டனை உண்டு, நல்லெண்ணத்தில் சொன்னவர்மேல் வழக்கு வராது. ஊர்ப் பெரியவர்கள் உட்கார்ந்து பணம் வாங்கிக் கொடுத்து "குடும்ப மானம்" என்று முடித்துவைத்த வழக்குகளில் குழந்தை அதே ஆளை அதே தெருவில் தினமும் பார்த்துக்கொண்டு வளர்கிறது. அதற்கு யாரும் துணை போகக் கூடாது.

இப்போது 1098 பயம். 24 மணி நேரமும் இயங்கும் இலவச எண் இது. உங்கள் பெயரைச் சொல்லாமலும் பேசலாம். தகவல் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்குப் போகும், ஊழியர்கள் வீட்டுக்கு வந்து பேசுவார்கள். பெரும்பாலும் போலீஸ் வண்டி வந்து நிற்காது. நிலைமை மோசமாக இருந்தால் குழந்தையை 24 மணி நேரத்துக்குள் குழந்தை நலக் குழு முன் ஆஜர்படுத்த வேண்டும். ஒரு தலைவரும் நாலு உறுப்பினரும் கொண்ட குழு அது, ஒவ்வொரு மாவட்டத்திலும் உண்டு. சட்டமே சொல்வது என்னவென்றால், குழந்தை வளர வேண்டிய இடம் குடும்பம், காப்பகம் கடைசி வழி. பல நேரம் தாய்க்கு ஆலோசனை கொடுத்து, தொடர்ந்து கண்காணித்து, பிள்ளையை அவளிடமே விடுவார்கள். கணவனை இழந்த, கைவிடப்பட்ட ஏழைத் தாய்மாருக்குப் பிள்ளையை வீட்டிலேயே வைத்து வளர்க்க மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவுகூட மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா என்ற குழந்தைகள் பாதுகாப்புத் திட்டத்தில் உண்டு. இந்தப் பெண்ணுக்கு அது பொருந்தாது, உங்கள் லைனிலேயே பொருந்துகிறவர் இருக்கலாம்.

கணவன் வந்தால் சண்டை வருமா என்று கேட்டிருந்தீர்கள். அவன் ஊருக்கு வந்ததும் முதல் பேச்சே புகாராக இருந்தால் வரத்தான் செய்யும். "உம் பொண்டாட்டி ஒத்தையில ரெண்டையும் பாத்துக்கிறா சாமி, தினம் ராத்திரி போன்ல பையங்கிட்டயும் ரெண்டு வார்த்த பேசு" என்று சொல்லிப் பாருங்கள். அவனும் டெண்ட்டில் படுத்துக்கொண்டு பிள்ளை நினைப்பாகத்தான் இருப்பான்.

மூன்று வாரம் இதைச் செய்து பாருங்கள். காலை அலறல் குறையவே இல்லை, அல்லது நடுவில் எப்போதாவது நான் முதலில் சொன்ன அடையாளம் ஒன்று தென்பட்டது என்றால், அவள் உங்களோடு எவ்வளவு நெருங்கியிருந்தாலும் 1098-க்குச் சொல்லிவிடுங்கள். சொன்ன பிறகும் காலையில் சின்னவளை வாங்கி வைத்துக்கொள்வதை நிறுத்தாதீர்கள். எப்படிப் போகிறது என்று எனக்கு எழுதுங்கள்.