சாலையைப் பார்த்து நீட்டாதீர்கள், வெயிலைப் பார்த்துத் திருப்புங்கள்

கேள்வி: கோவில்பட்டி அருகே 3 ஏக்கர் கரிசல் நிலத்தில் பள்ளி கட்டுகிறோம். மேற்கே சாலை, நிலம் கிழக்கே சரிந்து ஓடையில் முடிகிறது. சாலையைப் பார்த்தாற்போல் நீளமாக ஒரு மாடிக் கட்டடம், முகப்பில் கண்ணாடி, ஓடையை மண்ணடித்து மேடாக்கி விளையாட்டு மைதானம் என்கிறார் பொறியாளர். செய்யலாமா?

பதில்: இரண்டுமே வேண்டாம். கட்டடத்தை அப்படியே தொண்ணூறு பாகை திருப்புங்கள். குறுகிய பக்கம் சாலையைப் பார்க்கட்டும், நீளம் கிழக்கு மேற்காக ஓடட்டும்.

மேற்கு வெயில் மதியம் 2 மணிக்கு மேல் சாய்வாக இறங்கும். அதைச் சன்ஷேடு தடுக்காது. கண்ணாடியும் சேர்ந்தால் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பிள்ளைகள் வகுப்பில் உட்கார முடியாது. தெற்கு வெயிலைச் சமாளிப்பது எளிது. உங்கள் ஊரில் டிசம்பர் நண்பகலில்கூடச் சூரியன் நன்றாக மேலே நிற்கும். ஜன்னலுக்கு மேல் 3 அடி நீட்டினால் நாலரை அடிக்கு நிழல் விழும். வராந்தாவே தெற்கில் வந்தால் இன்னும் நல்லது. வடக்கில் வெயிலே வராது என்று விட்டுவிடுகிறார்கள். ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை உங்களுக்கு நண்பகல் சூரியன் வடக்கே சாய்ந்துதான் இருக்கும், அங்கேயும் 2 அடி சன்ஷேடு போடுங்கள்.

மேற்குக் கோடியில் மாடிப்படியும் பொருள் வைக்கும் அறையும் வரட்டும். கழிப்பறையை மட்டும் அங்கே வைக்காதீர்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை அடிக்கும் மேல்காற்று அந்த வாடையை எல்லா வகுப்புக்குள்ளும் கொண்டுபோய்விடும். கிழக்குக் கோடியில் இன்னொரு மாடிப்படி கட்டாயம் வேண்டும். 2004 கும்பகோணம் தீ விபத்தில் 94 குழந்தைகளை இழந்த பிறகு, ஒரே படியை நம்பிப் பள்ளி கட்டுவதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன்.

மைதானம் கிழக்குச் சரிவிலேயே இருக்கட்டும். புழுதி வகுப்புக்கு வராது. ஐப்பசி கார்த்திகை மழையில் மைதானத்தில் இரண்டு நாள் தண்ணீர் நின்றால் நிற்கட்டும், வகுப்பறையில்தான் நிற்கக் கூடாது. ஓடையை மூடினால் அந்தத் தண்ணீர் வேறு வழி தேடி உங்கள் கட்டடத்துக்கோ பக்கத்து வயலுக்கோதான் போகும். அது ஓடைப் புறம்போக்காக இருந்தால் தொடுவதே சட்ட விரோதம். நிலத்தின் எல்லையைக் காட்டும் புல வரைபடத்தை முதலில் பாருங்கள். ஓடைக்கரையில் வேலி மட்டும் போடுங்கள்.

கரிசலைப் பற்றி உங்கள் கடிதத்தில் கேள்வியே இல்லை. எனக்குப் பெரிய கவலை அதுதான். கோடையில் உங்கள் நிலத்து வெடிப்புக்குள் கையை விட்டுப் பாருங்கள். அந்த வெடிப்பு மழையில் மூடிக்கொள்ளும்போது மண் உப்பி, மேலோட்டமான அஸ்திவாரத்தைத் தூக்கும், காய்ந்தால் இறக்கும். சுவர் மூலைக்கு மூலை விரியும். இதற்காகவே ரூர்க்கி மத்திய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கியது அண்டர்-ரீம்டு பைல், அதாவது மண்ணுக்குள் ஆழமாக இறக்கும் கான்கிரீட் தூண். அடியில் குமிழ்போல் விரிந்து, பருவத்துக்குப் பருவம் மாறாத மண்ணைப் பிடித்துக்கொள்ளும். ஆழமான கரிசலில் குறைந்தது மூன்றரை மீட்டர் இறங்க வேண்டும். மேலே சுவரைத் தாங்க வரும் பிளிந்த் பீம் என்ற கான்கிரீட் உத்திரத்துக்கும் மண்ணுக்கும் இடையே இடைவெளி விடச் சொல்லுங்கள். கண்ணாடிக்கு ஒதுக்கிய பணம் இதற்குப் போகட்டும்.

சாலையோரம் வேம்பும் புங்கமும் வரிசையாக நடுங்கள், மாலை வெயிலுக்கும் புழுதிக்கும் தடுப்பாகும். மரம் எவ்வளவு உயரம் வளருமோ அவ்வளவு தூரம் சுவரைவிட்டுத் தள்ளி நட வேண்டும். வேர் ஈரத்தை உறிஞ்சினாலும் கரிசல் சுருங்கும்.

கட்டட வரைபடத்தை இறுதி செய்யும் முன் மண் பரிசோதனை அறிக்கையும் நிலத்தின் மட்ட அளவும் உங்கள் கையில் இருக்க வேண்டும். அவை வரும்வரை முன்பணம் கொடுக்காதீர்கள்.