புகைபோக்கிக் கந்தகம்: வாசகர் கேள்விகள்

கே: தேங்காய்ச் சிரட்டைக் கரியை மூட்டை கட்டிப் புகைபோக்கியில் வைத்தால் கந்தக டை ஆக்சைடு நிற்குமா? – உசிலம்பட்டி

ப: வெறும் கரி பேருக்குத்தான் பிடிக்கும். 800, 900 டிகிரியில் நீராவி கொடுத்துத் துளை திறந்த ஆக்டிவேட்டட் கார்பன் வேண்டும். அதுவும் புகை 100 டிகிரி சுமாருக்கு ஆறிய பிறகுதான் வேலை செய்யும். புகையிலுள்ள ஆக்சிஜனும் ஈரமும் சேர்ந்து வாயுவைத் துளைக்குள்ளேயே கந்தக அமிலமாக்கும். தண்ணீரில் கழுவினால் கார்பன் மறுபடி தயார். கழுவிய தண்ணீர் அமிலம், வாய்க்காலில் விடாதீர்கள்.

கே: கந்தக டை ஆக்சைடைப் பிடிக்க எங்கள் பாய்லருக்கு எத்தனை கிலோ மெட்டீரியல் வேண்டும்? அவசரம். – கப்பலூர்

ப: எரிபொருள் என்ன, மணிக்கு எவ்வளவு, புகையின் சூடு என்ன, ஒன்றும் எழுதவில்லை. அவசரம் என்று மட்டும் எழுதினால் எப்படி? விறகென்றால் கந்தகம் சொற்பம், விட்டுவிடுங்கள். 3 சதவீதக் கந்தகமுள்ள ஃபர்னஸ் ஆயில் மணிக்கு 100 கிலோ எரித்தால் 6 கிலோ கந்தக டை ஆக்சைடு வரும். கிலோவுக்கு 100 கிராம் பிடிக்கும் பொருளில் மணிக்கு 60 கிலோ நிரம்பிவிடும். முதலில் கந்தகம் குறைந்த எண்ணெய்க்கு மாறப் பாருங்கள்.

கே: 13எக்ஸ் ஜியோலைட் (வாயுவைப் பிடிக்கும் நுண்துளைக் கனிமம்) போதுமா? – திருமங்கலம்

ப: உலர்ந்த வாயுவுக்குப் போதும். புகையில் தண்ணீர் முந்திக்கொண்டு இடம் பிடித்துவிடும். ஈரத்தோடு சோதியுங்கள்.

கே: நான் செய்த மோஃப் (உலோகமும் கரிம மூலக்கூறும் பின்னிய நுண்துளைப் பொருள்) கிராமுக்கு 10 மில்லிமோல் கந்தக டை ஆக்சைடு பிடிக்கிறது. மின்நிலையத்துக்குப் பரிந்துரைக்கலாமா? – ஆய்வு மாணவர், நாகமலை புதுக்கோட்டை

ப: எந்த அழுத்தத்தில்? நீங்கள் இணைத்த வரைபடத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்: 1 பார் (ஏறக்குறைய வளிமண்டல அழுத்தம்), சுத்தமான கந்தக டை ஆக்சைடு. இந்த எண்ணையே முன்னால் நிறுத்தும் பழக்கம் எப்போது ஒழியுமோ! நிலக்கரிப் புகையில் கந்தக டை ஆக்சைடு சுமார் 2000 பிபிஎம் (பத்து லட்சத்தில் 2000 பங்கு), அதாவது 0.002 பார். 500-இல் ஒரு பங்கு. வரைபடத்தின் இடது ஓரத்தை, அதாவது அழுத்தம் குறைந்த பகுதியை, பெரிதாக்கிப் பாருங்கள். கோடு அங்கே தரையோடு ஒட்டிக் கிடக்கிறது, 0.1 பாருக்கு மேல்தான் எழுகிறது. புகைபோக்கியில் இந்தப் பொருள் ஏறக்குறைய சும்மா இருக்கும்.

சிஃப்சிக்ஸ் என்ற மோஃப் வகைகளைக் கந்தக டை ஆக்சைடுக்குச் சோதித்த 2017 ஆய்வைப் படியுங்கள். சிஃப்சிக்ஸ்-1 தாமிரம் 1 பாரில் 11 மில்லிமோல் பிடிக்கிறது. அதைவிடத் துளை குறுகிய சிஃப்சிக்ஸ்-2 தாமிரம்-ஐ 0.002 பாரிலேயே 2.3 பிடிக்கிறது. எனக்கு அந்த 2.3-தான் பெரிது. துளைச் சுவரின் ஃபுளூரின் கந்தக அணுவை இழுக்கிறது. துளையும் மூலக்கூறைவிடச் சற்றே பெரியது. நீங்கள் வடிவமைக்க வேண்டியது அதைத்தான்.

அப்புறம், புகையில் கார்பன் டை ஆக்சைடு 10 முதல் 15 சதவீதம் இருக்கும், கூடவே நீராவி. கலவை வாயுவில் பிரேக்த்ரூ (பொருள் நிரம்பி வாயு மறுமுனையில் வெளிவரும் நேரம் பார்க்கும் சோதனை) எடுங்கள், ஈரத்தோடு எடுங்கள். பிடித்து விடுவிக்கும் சுற்றைப் பத்துத் தடவையாவது ஓட்டிவிட்டு எக்ஸ்ஆர்டியில் (எக்ஸ்-கதிர்ச் சோதனையில்) கட்டமைப்பு உடையவில்லை என்று காட்டுங்கள். மின்நிலையம் அதற்குப் பிறகு.

கே: பரப்பளவு கிராமுக்கு 3000 சதுர மீட்டர் இருந்தால் போதாதா? – மேலூர்

ப: போதாது. குறைந்த அழுத்தத்தில் எவ்வளவு பிடிக்கிறது என்பதுதான் கேள்வி, மேலே உள்ள பதிலைப் படியுங்கள்.

கே: கந்தக டை ஆக்சைடு சிலிண்டர் கசிவை மோந்து பார்த்துக் கண்டுபிடிக்கலாமா? – திருப்பரங்குன்றம்

ப: கூடவே கூடாது. 100 பிபிஎம் உயிருக்கு ஆபத்து. டிடெக்டர் வாங்கும் வரை வால்வைத் திறக்காதீர்கள்.