பெட்ரோலியம் படிப்புக்கு வீட்டுப் பத்திரத்தைக் கொடுப்பதற்கு முன்

சாயல்குடிப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா எழுதியிருக்கிறார். கணவர் தம்மாமில் ஏசி மெக்கானிக். மகன் அரசுப் பள்ளியில் பிளஸ் டூ முடித்திருக்கிறான், வேதியியலில் நல்ல மதிப்பெண், கணக்கில் சுமார். "வளைகுடாவே எண்ணெயில்தான் ஓடுது, பெட்ரோலியம் இன்ஜினீயரிங்ல சேர்த்து விடு, மிச்சத்தை நான் பாத்துக்குறேன்" என்று துபாயில் இருக்கும் தாய்மாமன் பிடிவாதமாகச் சொல்கிறாராம். தனியார் கல்லூரி ஒன்றில் மேனேஜ்மென்ட் கோட்டா இடமும் பேசியாயிற்று. விடுதியோடு சேர்த்து நான்கு வருடத்துக்கு 12 லட்சம், வீட்டுப் பத்திரத்தின் மேல் கடன். "பயமாக இருக்கிறது, ஆனால் அண்ணன் சொல்லைத் தட்ட முடியவில்லை" என்று முடித்திருக்கிறார்.

அம்மா, உங்கள் பயம் நியாயமானது. எல்லாம் நல்லபடியாக நடக்கும் என்று நான் எழுதிவிடலாம், ஆனால் வங்கியில் கையெழுத்துப் போடப்போவது நீங்கள். அதனால் நேராகவே சொல்கிறேன்: இந்த இடத்தை எடுக்காதீர்கள்.

உங்கள் அண்ணன் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. அந்தப் பாலைவனத்தை மாற்றியது எண்ணெய்தான். உங்கள் கணவர் வேலை பார்க்கும் தம்மாமை ஒட்டிய தஹ்ரானில் 1938இல் 7ஆம் எண் கிணற்றில் எண்ணெய் பீறிட்டது, அதிலிருந்து சவுதியின் கதையே திரும்பியது. அதற்கு முன் அந்தக் கடற்கரை ஊர்களுக்கு முத்துக்குளிப்பே பெரிய பிழைப்பு. ஜப்பான்காரர்கள் வளர்ப்பு முத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்ததும் 1930களில் அதுவும் படுத்துவிட்டது. குவைத்தில் குடிதண்ணீரையே ஷத்துல் அரபு ஆற்றிலிருந்து பாய்மரப் படகில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். இன்று அங்கே நாம் பார்க்கும் கட்டடம், சாலை, விமான நிலையம் எல்லாம் கச்சா எண்ணெய்ப் பணத்தில் எழும்பியவை.

ஆனால் எண்ணெயில் பணம் இருக்கிறது என்பதாலேயே எண்ணெய்க் கிணற்றில் வேலை இருக்கிறது என்று ஆகிவிடாது. அண்ணன் தவறவிடுவது இதைத்தான். எண்ணெய் எடுப்பது இயந்திரம் அதிகமும் ஆள் குறைவுமான தொழில். சவுதி அராம்கோ உலகின் மிகப் பெரிய எண்ணெய் நிறுவனம், அதில் வேலை செய்பவர்கள் 70,000 பேருக்குச் சற்று மேல். 2022 கணக்கெடுப்பின்படி அந்த நாட்டில் இருக்கும் வெளிநாட்டவரோ ஏறக்குறைய 1 கோடியே 34 லட்சம் பேர். இவர்களில் மிகப் பெரும்பாலானோர் கிணற்றுப் பக்கமே போவதில்லை. எண்ணெய்ப் பணம் கட்டிய நகரத்தை ஓட்டுகிறவர்கள் அவர்கள். உங்கள் கணவரும் அப்படித்தானே? கிணற்றில் இருக்கும் நல்ல பொறியாளர் வேலைகளுக்கோ இப்போது அந்த நாட்டுப் பிள்ளைகளே படித்து வருகிறார்கள், முதல் உரிமை அவர்களுக்கு. தனியார் நிறுவனங்கள் குறிப்பிட்ட விகிதத்தில் சவுதிக்காரர்களை வேலைக்கு வைக்க வேண்டும் என்று 2011இல் வந்த நிதாகத் விதிகளும், எண்ணெயை மட்டும் நம்பாமல் நாட்டை வளர்க்க 2016இல் அறிவித்த விஷன் 2030 திட்டமும் இதை வெளிப்படையாகவே சொல்கின்றன.

விலை விழும்போது என்ன ஆகிறது என்பதை உங்கள் வீட்டுக்காரரிடமே கேளுங்கள். 2014 நடுவில் பீப்பாய் 100 டாலருக்கு மேல் இருந்த எண்ணெய் 2016 தொடக்கத்தில் 30 டாலருக்கும் கீழே போனது. சவுதியில் கட்டுமான நிறுவனங்கள் மாதக்கணக்கில் சம்பளம் போடவில்லை. ஆயிரக்கணக்கான இந்தியத் தொழிலாளர்கள் சாப்பாட்டுக்கே திண்டாடினார்கள், வெளியுறவு இணையமைச்சர் ஜித்தாவுக்கே போக வேண்டி வந்தது. அப்படிப்பட்ட நேரத்தில் முதலில் நிறுத்துவது புதுக் கிணறு தோண்டுவதை. பெட்ரோலியம் படித்துவிட்டு அனுபவம் இல்லாமல் நிற்கும் பையனுக்கு அந்த வருடம் யாரும் கதவு திறக்க மாட்டார்கள். தன்பாத் ஐஐடியில் இடம் கிடைத்து, பிள்ளைக்கும் அதுதான் ஆசை என்றால் என் பதில் வேறாக இருக்கும். இது அது இல்லை.

கடன் கணக்கையும் போட்டுவிடுவோம். 12 லட்சத்தை வருடா வருடம் வாங்கினாலும், 11 சதவீத வட்டியில், படிப்பு முடியும்போது அது 15 லட்சத்தைத் தாண்டி நிற்கும். பத்து வருடத்தில் அடைக்க மாதம் 20,000 ரூபாய்க்கு மேல் வேண்டும். இங்கே முதல் வேலைக்குச் சேரும் பையனுக்கு அந்தத் தொகை கையில் வருவதே சந்தேகம். 'நான் பார்த்துக்கொள்கிறேன்' என்ற மாமன் அந்தத் தவணையைக் கட்டுவாரா என்று கேட்டுப் பாருங்கள். கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. கட்டமாட்டார் என்றால் அந்த முடிவை எடுக்கும் உரிமையும் அவருக்கு இல்லை.

இப்போது நீங்கள் குறையாக எழுதிய வரிக்கு வருகிறேன். "ஊர் ஆர்ஓ மிஷின் ரிப்பேர் ஆனால் புத்தகத்தைப் போட்டுவிட்டு ஓடிவிடுகிறான். டிடிஎஸ் மீட்டரை வைத்துக்கொண்டு வீடு வீடாகத் தண்ணீரை அளக்கிறான்." (நீரில் கரைந்திருக்கும் உப்பைக் காட்டும் கருவி அது.) உங்கள் கடிதத்திலேயே எனக்கு மிக முக்கியமாகப் பட்டது இந்த வரிதான். கம்ப்யூட்டர், வணிகவியல், நீட் பற்றியெல்லாம் ஊரில் எல்லோரும் சொல்வார்கள், நான் அதற்குள் போகவில்லை. உங்கள் மகன் கடல்நீரைக் குடிநீராக்கும் தொழில்நுட்பத்துக்குப் போகட்டும்.

எண்ணெய்ப் பணம் அந்தப் பாலைவனத்தில் என்ன செய்தது என்பதை முழுதாகப் பார்த்தால் இந்தத் தொழிலின் கனம் புரியும். 1970களின் இறுதியிலிருந்து சவுதி அரசு மானியம் கொடுத்துப் பாலைவனத்தில் கோதுமை விளைவித்தது. ஒரு கட்டத்தில் கோதுமை ஏற்றுமதி நாடாகவே ஆனது. அத்தனையும் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக நிலத்தடியில் தங்கியிருந்த, மழையால் திரும்ப நிரம்பாத தண்ணீர். அது வற்றத் தொடங்கியதும் 2008இல் கோதுமையைப் படிப்படியாக நிறுத்த முடிவெடுத்தார்கள். இன்று கடல்நீரைக் குடிநீராக்குவதில் உலகில் முதலிடம் சவுதிக்கு. ராஸ் அல் கைர் என்ற ஒரே நிலையம் நாளொன்றுக்கு 100 கோடி லிட்டருக்கு மேல் தருகிறது. கடலிலிருந்து 400 கிலோமீட்டருக்கு அப்பால், சுமார் 600 மீட்டர் உயரத்தில் இருக்கும் ரியாத் நகரமே குழாயில் வரும், குடிநீராக்கிய கடல்நீரைப் பெரிதும் நம்பித்தான் வாழ்கிறது. எண்ணெய் விலை விழுந்தால் கோபுரம் கட்டுவதை நிறுத்தலாம், தண்ணீரை ஒரு நாளும் நிறுத்த முடியாது.

இன்னொரு மாற்றமும் நடக்கிறது. பழைய நிலையங்கள் கடல்நீரைக் கொதிக்க வைத்து ஆவியைக் குளிர்வித்தவை, அதற்கு எரிபொருளைக் கொட்ட வேண்டும். அங்கே எரிக்கும் ஒவ்வொரு பீப்பாயும் விற்காமல் போன பீப்பாய். அதனால் இப்போது புதிதாகக் கட்டுபவை பெரும்பாலும் ஆர்ஓ நிலையங்கள், அதாவது உப்பைத் தடுத்து நீரை மட்டும் விடும் சவ்வு வழியாகக் கடல்நீரை அழுத்தித் தள்ளுபவை. அபுதாபியின் தவீலா நிலையம் நாளுக்கு 90 கோடி லிட்டர், முழுக்க ஆர்ஓ. உங்கள் ஊர் மிஷினில் ஓடுவதும் அடிப்படையில் அதே முறைதான். 1960ஐ ஒட்டி கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் சிட்னி லோப் என்பவரோடு சேர்ந்து அதற்கான சவ்வை உருவாக்கியவர் இந்தியாவில் பிறந்த சீனிவாச சௌரிராஜன். மகனிடம் இந்தப் பெயரைச் சொல்லுங்கள்.

வேலை எப்படி இருக்கும்? கடலிலிருந்து இழுக்கும் தண்ணீரில் பாசி, மணல், சில நேரம் ஜெல்லி மீன் கூட வரும். உயிரிகளைக் கொல்லக் குளோரின் போடுவார்கள். ஆனால் அதே குளோரின் மெம்பரேன் என்கிற அந்தச் சவ்வைத் தொட்டால் அதை அரித்துவிடும், ஆகவே அதற்கு முன்னால் பைசல்பைட் என்ற வேதிப்பொருளைக் கலந்து குளோரினை நீக்க வேண்டும். அந்த இடத்தில் ஒரு ஆபரேட்டர் கண்ணயர்ந்தால் கோடிக்கணக்கான ரூபாய் மெம்பரேன் பாழ். வடிகட்டிய நீரை உயரழுத்த பம்ப் 60 பார் அளவுக்கு, அதாவது காற்றழுத்தத்தைப் போல் சுமார் 60 மடங்கு, அழுத்தித் தள்ளும். 1,000 லிட்டர் கடல்நீரில் 400 லிட்டர் சொச்சம் நல்ல தண்ணீராக வரும், மிச்சம் கடும் உப்புநீராகத் திரும்பும். வளைகுடாக் கடல் நம் கடலைவிட உப்பு அதிகம் என்பதால் அங்கே பாடு இன்னும் கூடுதல். 2008-09இல் செந்நிறப் பாசி பெருகியபோது ஓமான், அமீரகக் கரைகளில் நிலையங்களையே நிறுத்த வேண்டியிருந்தது. கடைசியில் வரும் நீரில் கனிமம் மிகக் குறைவாகவே இருக்கும், அப்படியே விட்டால் குழாயை அரிக்கும், அதனால் சுண்ணாம்புச் சத்தைத் திரும்பச் சேர்ப்பார்கள். மணிக்கொரு முறை அழுத்தம், கடத்துத்திறன், பிஎச் எல்லாம் பதிவேட்டில் ஏறும். இரவு ஷிப்ட் உண்டு, உப்புக்காற்று உண்டு, தொடக்கச் சம்பளம் உறவினரிடம் பெருமையாகச் சொல்லும்படி இருக்காது. இதையெல்லாம் மகனிடம் மறைக்காதீர்கள்.

படிப்புக்கு வழி இதுதான். பிளஸ் டூவில் கணிதம், இயற்பியல், வேதியியல் படித்தவன் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டு சேரலாம். கெமிக்கல் இன்ஜினீயரிங் டிப்ளமோ, அது கிடைக்காவிட்டால் இன்ஸ்ட்ருமென்டேஷன். இரண்டே வருடம், அதுவும் அரசுப் பாலிடெக்னிக் என்றால் கட்டணம் நீங்கள் கடன் இல்லாமல் சமாளிக்கும் அளவுதான். ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளி என்றால் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய்க்கும் விண்ணப்பியுங்கள். முடித்ததும் சென்னை தரமணியில் இருக்கும் தென்மண்டலத் தொழிற்பழகுநர் பயிற்சி வாரியத்தில் பதிந்து ஒரு வருட அப்ரண்டிஸ். அதன் பிறகு பிடித்திருந்தால் பி.டெக்கில் நேரடி இரண்டாம் ஆண்டு. கையில் வேலை பழகிவிட்டுப் படிக்கும் பி.டெக்குக்கு எடை வேறு.

சவுதியை நம்பித்தான் இதைப் படிக்கச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். சென்னைக்குப் பக்கத்திலேயே மீஞ்சூரில் 2010இலிருந்தும் நெம்மேலியில் 2013இலிருந்தும் கடல்நீர் குடிநீராகிறது, நெம்மேலியின் இரண்டாவது நிலையம் 2024இல் வந்தது, பேரூரில் நாளுக்கு 40 கோடி லிட்டர் நிலையத்துக்கு வேலை தொடங்கியாயிற்று. 2011இல் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்ட பிறகு, கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடாமல் சுத்திகரிக்கும் நிலையங்களும் அதே மெம்பரேனில்தான் ஓடுகின்றன. அனல்மின் நிலையம், மருந்துத் தொழிற்சாலை, எல்லா இடத்திலும் இந்த ஆள் தேவை. உங்கள் பக்கத்து மாவட்டத்திலேயே காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இருக்கிறது, உலோக அரிப்பு பற்றி அங்கே பெரிய ஆய்வு நடக்கிறது. கடல்நீர்த் தொழிலில் பாதிச் சண்டை துருவோடுதான்.

நான்கைந்து வருடம் இங்கே வேலை பார்த்துவிட்டு வளைகுடா போவதென்றால் போகட்டும். அப்போது ஏஜென்ட் லட்சக்கணக்கில் கேட்டால் கொடுக்காதீர்கள். பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய உச்சக் கட்டணம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான். அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தில் முதலில் பதியுங்கள். அங்கேயும் குடியுரிமை கிடையாது, வேலை முடிந்தால் இகாமாவும், அதாவது தங்கும் அனுமதியும், முடியும். உங்கள் வீட்டுக்கு இதை நான் சொல்லித் தர வேண்டியதில்லை.

வெள்ளிக்கிழமை உங்கள் கணவருக்கு விடுமுறையாக இருக்கும். அன்று அவரோடு பேசும்போது மகனையும் பக்கத்தில் உட்கார வையுங்கள், முதலில் அவன் பேசட்டும். இது அவனுக்கும் சரி என்று பட்டால், உங்கள் அண்ணனிடம் முடிவைச் சொல்ல வேண்டியது உங்கள் கணவர். அனுமதி கேட்கும் தொனியில் வேண்டாம், தகவலாகச் சொல்லட்டும். கல்லூரிக்கு முன்பணம் எதுவும் கட்டவில்லை என்றால் அன்றே அந்த இடம் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கட்டியிருந்தால் ரசீதோடு எனக்கு எழுதுங்கள், திரும்பக் கேட்கும் கடிதத்தை நான் எழுதித் தருகிறேன்.