கெட்டித் திரவமும் அடைபடும் சேஃப்டி வால்வும்: கேள்வி பதில்

கஞ்சி, குளுக்கோஸ் பாகு, பழக்கூழ், ரெசின் போன்ற கெட்டியான சரக்கை அழுத்தக் கலன்களில் காய்ச்சும் சேலம் வட்டாரத்தினரின் கேள்விகளுக்கு, அத்தகைய கலன்களின் பராமரிப்பில் நெடுநாள் பணியாற்றிய ஒருவர் அளித்த பதில்கள்.

இளம்பிள்ளை: ஐயா, எங்கள் சைசிங் (நெசவுக்கு முன் பாவு நூலுக்குக் கஞ்சி ஏற்றும்) ஆலையில் அதற்கான கஞ்சியை, குக்கருக்குள் நேரடியாக நீராவி செலுத்திக் காய்ச்சுகிறோம். மூடியிலுள்ள சேஃப்டி வால்வை (அழுத்தம் மீறினால் தானே திறந்து வெளியேற்றும் வால்வை) கழற்றியபோது கஞ்சி காய்ந்து அடைத்திருந்தது. விலையுயர்ந்த வால்வாக வாங்கினால் இது தீருமா?

பதில்: தீராது. கோளாறு வால்வில் இல்லை. கலனுக்கும் வால்வுக்கும் நடுவிலுள்ள குட்டைக் குழாயில் இருக்கிறது. அதற்குள் ஓட்டம் ஏதும் இல்லாததாலும், கலனைவிட அது குளிர்ந்திருப்பதாலும், கொதிக்கும்போது ஏறும் நுரை திரும்ப இறங்காமல் ஒட்டிக்கொண்டு, ஒவ்வொரு காய்ச்சலிலும் ஒரு படலமாகச் சேர்கிறது. வீட்டுக் குக்கரில் அரிசியை அளவுக்கு மீறிப் போட்டால் வெயிட் அடைபடுவதும் இதே வகைதான். ஆகவே முதலில் கலனை முழுக்க நிரப்பாமல் நுரைக்கு இடம் விடுங்கள். அடுத்து, அந்தக் குழாயை எவ்வளவு குட்டையாகவும் அகலமாகவும் ஆக்க முடியுமோ அவ்வளவு ஆக்குங்கள். வால்வு திறந்து பாயும்போது நுழைவுக் குழாயில் ஏற்படும் அழுத்த இழப்பு, வால்வு திறக்கும் அழுத்தத்தில் 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்ற பொது நெறிக்கும் அது பொருந்தும்.

உங்கள் அமைப்பில் இன்னொரு வழியும் உண்டு. பலர் இதை எண்ணிப் பார்ப்பதில்லை. குக்கரில் அழுத்தம் உண்டாவது உள்ளே வரும் நீராவியால் மட்டுமே என்றால், கஞ்சியே எட்டாத நீராவிக் குழாயில், அழுத்தம் குறைக்கும் வால்வுக்கு அடுத்து, ஒரு சேஃப்டி வால்வை வைக்கலாம். குறைக்கும் வால்வு பழுதாகி முழுக்கத் திறந்துகொண்டாலும் அவ்வளவு நீராவியையும் வெளியேற்றும் அளவில் அது இருக்க வேண்டும். ஜாக்கெட் (கலனைச் சுற்றிய வெளியுறை) வழியாகச் சூடேற்றும் கலனுக்கு இந்த ஏற்பாடு போதாது. அங்கே உள்ளிருக்கும் சரக்கே ஆவியை உண்டாக்கும். எதைச் செய்தாலும், தகுதி பெற்ற பரிசோதகரிடம் வரைபடத்தைக் காட்டி ஒப்புதல் பெற்ற பிறகு செய்யுங்கள். மூடியிலுள்ள வால்வை அகற்றிவிடவும் வேண்டாம்.

ஆத்தூர்: மரவள்ளி மாவிலிருந்து குளுக்கோஸ் பாகு தயாரிக்கிறோம். வால்வுக்குக் கீழே ரப்சர் டிஸ்க் (அழுத்தம் மீறினால் கிழிந்து வழிவிடும் மெல்லிய தகடு) பொருத்தினால் இரட்டைப் பாதுகாப்பு என்கிறார்களே?

பதில்: பாகு வால்வைத் தொடாமல் தடுப்பதற்கு அது மிக நல்ல வழி. ஆனால் ‘இரட்டைப் பாதுகாப்பு’ என்று நம்பி அத்துடன் விட்டுவிட்டால் ஆபத்து. டிஸ்க் கிழிவது அதன் இரு பக்கங்களிலும் உள்ள அழுத்தத்தின் வேறுபாட்டால். 5 கிலோவில் (சதுர சென்டிமீட்டருக்கு) கிழிய வேண்டிய டிஸ்கில் ஊசித்துளை விழுந்து, டிஸ்குக்கும் வால்வுக்கும் இடையே 2 கிலோ தேங்கிவிட்டால், கலனில் 7 கிலோ ஏறும்வரை டிஸ்க் அசையாது. எனவே அந்த இடைவெளிக்கு ஒரு பிரஷர் கேஜ் பொருத்தி, தேங்குவதை வெளியேற்ற வழியும் வைத்து, ஒவ்வொரு ஷிப்டிலும் முள்ளைப் பார்க்க ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். கேஜ் இல்லாத இணைப்பைவிட டிஸ்கே இல்லாத வால்வு மேல் என்பது என் கருத்து.

வாங்கும்போது துண்டு சிதறாத வகையைக் கேளுங்கள். சிதறிய துண்டு வால்வின் தொண்டையில் சிக்கும். இரண்டையும் சேர்த்துச் சோதித்த சான்று இல்லையேல், வால்வின் வெளியேற்றும் திறனை 0.9 ஆல் பெருக்கியே கணக்கிட வேண்டும். பின்புறம் குழிந்து மடியும் வகை டிஸ்க் சிலவற்றுக்குக் கீழே வாயு இருந்தால்தான் சரியாகக் கிழியும். திரவத்துக்கு ஏற்றதா என்று எழுத்தில் பெறுங்கள். டிஸ்கில் பொறித்துள்ள அழுத்தம் குறிப்பிட்ட ஒரு வெப்பநிலைக்கு உரியது. டிஸ்க் அதைவிடக் குளிர்ந்திருந்தால் கூடுதல் அழுத்தத்தில்தான் கிழியும். டிஸ்கின் மேல் பாகு தடித்துப் படிந்தாலும் கிழியும் அழுத்தம் மாறிவிடும் என்பதால், கலனின் உட்சுவரை ஒட்டினாற்போல் டிஸ்கை அமையுங்கள்.

ஏற்காடு: எங்கள் பழக்கூழ்க் கலன் ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வால்வை வேறு அழுத்தத்துக்குத் திருப்ப வேண்டுமா?

பதில்: வேண்டாம். ஸ்பிரிங் வால்வு வெளிக்காற்றை எதிர்த்தே திறப்பதால் கேஜ் அழுத்தம் மாறாது. அதே 1 கிலோவில் உள்ளே வெப்பம் மட்டும் சமவெளியைவிட ஏறத்தாழ 2 டிகிரி குறைந்திருக்கும். மார்கழிக் குளிரில் கூழ் குழாயில் உறையாமல் இருக்க, வால்வின் நுழைவுப் பகுதிக்கு வெப்பக் காப்பு சுற்றுங்கள். ஸ்பிரிங் கூட்டைச் சுற்றி மூடாதீர்கள்.

மேட்டூர்: ரெசினுக்கு நீராவி ஜாக்கெட் உள்ள வால்வு பொருந்துமா?

பதில்: எந்த ரெசின் என்பதைப் பொறுத்தது. சூட்டில் இளகும் வகைக்குப் பொருந்தும். சூட்டில் இறுகும் வகைக்கு நீராவியே பகை. கட்டுப்படுத்திய சுடுநீரைச் சுற்ற விடுங்கள். ஸ்பிரிங் பகுதிக்குள் சரக்கு புகாமலிருக்க பெல்லோஸ் (மடிப்புகள் கொண்ட உலோக உறை) உள்ள வால்வைத் தேர்ந்தெடுங்கள். வெளியேற்றுக் குழாயைப் பெரும்பாலோர் மறந்துவிடுகிறார்கள்: அது பள்ளமின்றிச் சரிந்து இறங்க வேண்டும், வால்வு ஒரு முறை திறந்த பிறகு கழுவப்பட வேண்டும்.

ஓமலூர்: கலன் ஓடும்போதே சேஃப்டி வால்வைக் கழற்றிச் சுத்தம் செய்ய, அதன் அடியில் ஒரு பால் வால்வு (கைப்பிடியால் திறந்து மூடும் உருண்டை வால்வு) வைக்கலாமா?

பதில்: கூடாது. மூடியதைத் திறக்க ஒருவர் மறந்தாலே கலன் காப்பின்றி நிற்கும். இரண்டு சேஃப்டி வால்வுகளை, ஒன்று எப்போதும் திறந்தே இருக்கும்படியான மாற்று வால்வின் மேல் வைத்தால் நீங்கள் நினைப்பது நடக்கும்.

சங்ககிரி: மாதந்தோறும் சேஃப்டி வால்வு திறக்கிறதா என்று அதன் லீவரை இழுத்துப் பார்க்கிறோம். போதுமா?

பதில்: சுத்தமான நீராவிக்கு அது சரி. கஞ்சியிலும் பாகிலும் இழுத்தால் சீட்டில் (வால்வின் மூடி படியும் இடத்தில்) சரக்கு ஒட்டி, பிறகு ஒழுகும். கழற்றிச் சோதனை மேடையில் ஏற்றுங்கள். ஆனால் கழுவுவதற்கு முன், கழற்றிய நிலையிலேயே எந்த அழுத்தத்தில் திறக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். தொழிலாளர்கள் அக்கறையோடு முதலில் கழுவிவிடுவார்கள். உங்களுக்கு வேண்டிய தகவல் அந்தத் தண்ணீரோடு போய்விடும். திறக்க வேண்டிய அழுத்தத்தைவிட உயர்ந்த அழுத்தத்தில் திறந்தால், அடுத்த சோதனைக்கான இடைவெளியைப் பாதியாக்குங்கள். சில முறை தொடர்ந்து சரியாகத் திறந்தால் மட்டும் சிறிது நீட்டலாம்.